கழுவிய கையும் கதவின் பிடியும்



சுகாதாரம் என்றதும் குடிக்கும் தண்ணீரும், மொய்க்கும் ஈயும், தேங்கிய சாக்கடையும் நம் நினைவுக்கு வருகின்றன. இன்று நாம் பேசப் போவது கதவைப் பற்றி. கதவில் என்ன சுகாதாரம் இருக்கிறது என்று உங்களில் சிலர் கேட்கலாம். நாமும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணிக் கொண்டிருந்தோம். ஒரு திருமண மண்டபத்தின் சமையற்கட்டில் ஒரு காலைப் பொழுதைக் கழித்த பிறகுதான் அந்த எண்ணம் மாறியது.

உறவினர் வீட்டுத் திருமணம். ஊரின் பெயரும் மண்டபத்தின் பெயரும் வேண்டாம். தாலி கட்டி முடிந்த மறுநாள் கோழிக்கறி விருந்து. சமையல்காரருக்குக் கைவேலை செய்ய நாங்கள் நான்கைந்து பேர் விடியற்காலையிலேயே போய்ச் சேர்ந்தோம். வெட்டிய கோழியில் மஞ்சளும் மிளகாய்த் தூளும் உப்பும் போட்டுப் பிசறி வைக்கும் வேலை எங்கள் பெரியப்பா மகனுடையது. அண்ணன் நல்ல உழைப்பாளி. முழங்கை வரை மஞ்சள்.

பத்து மணி வாக்கில் காப்பி குடித்துக்கொண்டே சுற்றிலும் பார்த்தோம். சரக்கு அறைக் கதவில் மஞ்சள். குளிர்ப்பதனப் பெட்டியின் பிடியில் மஞ்சள். தண்ணீர்க் குழாயின் திருகில், விளக்குச் சுவிட்சில், பின்கட்டிலிருந்த கழிவறைக் கதவில், அதன் உட்புறத் தாழ்ப்பாளிலும் மஞ்சள். இவையெல்லாம் அண்ணன் தொட்ட இடங்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால், விருந்தினருக்கு சிரப் தண்ணீர் ஊற்றிக் கொண்டிருந்த பதினைந்து வயதுப் பையனின் கையிலிருந்த கூஜாவின் விளிம்பிலும் ஒரு பெருவிரல் அளவு மஞ்சள் இருந்தது. அவன் கோழியின் பக்கமே போகவில்லை. ஐஸ் எடுப்பதற்காகக் குளிர்ப்பதனப் பெட்டியை இரண்டு முறை திறந்தான், அவ்வளவுதான்.

மஞ்சள் கண்ணுக்குத் தெரிந்தது. அதோடு சேர்ந்து போன பச்சைக் கோழியின் நீர் கண்ணுக்குத் தெரியவில்லை. சால்மொனெல்லா, கேம்பைலோபாக்டர் என்னும் இரு வகைக் கிருமிகள் பச்சைக் கோழியில் அடிக்கடி காணப்படுபவை. நன்றாக வேகவைத்தால் கறியில் உள்ளவை செத்துவிடும். கதவுப் பிடியை யார் வேகவைக்கிறார்கள்?

மறுநாள் கல்யாண வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு வாந்தியும் பேதியும் கண்டது. எங்கள் அத்தை ஒருவர், எழுபது வயதைக் கடந்தவர், மருத்துவமனையில் இரண்டு நாள் உப்புநீர் ஏற்றிக்கொண்டு கிடந்தார். அது கதவுப் பிடியால் வந்ததா, ஐஸினால் வந்ததா, சரியாக வேகாத கறியால் வந்ததா என்று எவரும் சோதித்துப் பார்க்கவில்லை. ஆகையால் நாமும் கதவின் மீது பழி போட மாட்டோம். இருந்தாலும் அந்தப் பெருவிரல் மஞ்சள் நம் மனத்தை விட்டு அகலவே இல்லை.

பல ஆண்டுகள் கழித்து ஒரு செய்தியைப் படித்தபோது அது மீண்டும் நினைவுக்கு வந்தது. 2014-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். மனிதருக்குத் தீங்கு செய்யாத ஒரு வகை வைரஸை ஒரு கட்டடத்தின் கதவுப் பிடி, மேசை போன்ற ஓரிரு இடங்களில் மட்டும் தடவி வைத்தார்கள். 2 மணி முதல் 4 மணி நேரத்துக்குள், அங்கே வேலை செய்தவர்களும் வந்து போனவர்களுமாக 40 முதல் 60 விழுக்காட்டினரின் கைகளிலும், அவர்கள் தொட்ட பொருள்களிலும் அது காணப்பட்டது. நம் மஞ்சள் கதையும் அதுதான். அவர்களிடம் ஆய்வுக்கூடம் இருந்தது, நம்மிடம் மஞ்சள் தூள் இருந்தது.

இப்போது பொதுக் கழிவறைக்கு வருவோம். பேருந்து நிலையமோ, உணவங்காடியோ, பேரங்காடியோ, எங்கும் நடப்பது ஒன்றே. ஒருவர் உள்ளே போகிறார், வேலையை முடிக்கிறார், சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவுகிறார். பிறகு வெளியே வரக் கதவைப் பிடித்து இழுக்கிறார். அவருக்கு முன்னால் போன மூவரில் ஒருவர் கை கழுவாமல் அதே பிடியை இழுத்துவிட்டுப் போயிருந்தால்? கழுவிய கையின் பயன் அந்த ஒரு நொடியில் போய்விடுகிறது. அதிலும் ஈரம் துடைக்காத கை உலர்ந்த கையைவிடக் கிருமியை எளிதாக வாங்கும், எளிதாகக் கொடுக்கும். ஆகவே கழிவறையின் பெரிய கதவைப் பொறுத்தவரை நாம் அஞ்ச வேண்டியது வெளிப் பிடியை அன்று, உட்பிடியை. சிறிய அறைகளில் அந்த இடத்தைத் தாழ்ப்பாள் பிடித்துக்கொள்கிறது. அதைத் தொடுகிற கை ஒன்றுகூடக் கழுவிய கை அன்று.

அங்கே என்னென்ன ஒட்டியிருக்கக்கூடும்? முதலாவது நோரோ வைரஸ். வாந்தி, பேதி இரண்டையும் கொடுப்பது. மிகச் சில துகள்களே ஓர் ஆளைப் படுக்கையில் தள்ளப் போதும். அடுத்து, பிள்ளைகளுக்கு வரும் கை, கால், வாய்ப்புண் நோய். 1997-ஆம் ஆண்டில் சரவாக்கில் அது பரவிப் பிள்ளைகள் சிலரின் உயிரையும் கொண்டுபோனது. 2000-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் அது பரவியபோது பாலர் பள்ளிகளையே சில நாள் மூடும்படி ஆயிற்று. இவ்விரண்டு நோய்களின் கிருமிகளுக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு. கையில் தேய்த்துக்கொள்ளும் மதுசாரக் கூழுக்கு இவை அவ்வளவாக மசிவதில்லை. சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும்தான் இவற்றைக் கையிலிருந்து அப்புறப்படுத்தும்.

கோவிட் நோய் வந்த 2020-ஆம் ஆண்டில் கதவுப் பிடிகளுக்கு வராத மதிப்பெல்லாம் வந்தது. காலையும் மாலையும் மருந்து தெளித்தார்கள். அந்த வைரஸ் எவர்சில்வரிலும் பிளாஸ்டிக்கிலும் மூன்று நாள் வரை தங்கக்கூடும் என்று ஆய்வுக்கூடத்தில் கண்டார்கள் என்பது உண்மை. ஆனால் அந்நோய் பெரும்பாலும் மூச்சுக் காற்றின் வழியே பரவியது என்பதும், பொருள்களைத் தொடுவதால் தொற்றியது மிகக் குறைவு என்பதும் அடுத்த ஆண்டிலேயே தெளிவாயிற்று. உடனே பலர் துடைக்கும் துணியைக் கீழே போட்டுவிட்டார்கள். இது சரியன்று என்பது நமது கருத்து. கோவிட்டுக்குப் பொருந்தாதது வயிற்று நோய்களுக்கு முழுக்கப் பொருந்துகிறதே!

சரி, தினமும் சுத்தம் செய்கிறார்களே, பிறகு ஏன் பிடியில் அழுக்கு இருக்கிறது? இதற்கு விடையை ஒரு துப்புரவுப் பணியாளரிடமிருந்துதான் கேட்டறிந்தோம். ஐம்பது வயதைத் தாண்டிய தமிழ்ப் பெண்மணி. சுவரில் தொங்கிய அட்டையில் மணிக்கு ஒரு முறை கையெழுத்துப் போட்டிருந்தார். "அக்கா, கதவுப் பிடியையும் துடைப்பீர்களா?" என்று கேட்டோம். அவர் சிரித்துவிட்டார். "தரை ஈரமா இருந்தா திட்டுவாங்க தம்பி. கண்ணாடியில கறை இருந்தா திட்டுவாங்க. நாத்தம் அடிச்சா திட்டுவாங்க. கதவுப் பிடியப் பத்தி இதுவரைக்கும் ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்டதில்ல," என்றார். மேற்பார்வையாளர் வருகிறார், கண்ணால் பார்க்கிறார், போகிறார். பிடி பளபளவென்றுதான் இருக்கிறது. ஆயிரம் பேர் தொட்டாலும் எவர்சில்வர் பளபளக்கும்.

அவரிடம் இருந்ததோ ஒரே துணி. மலத்தொட்டியின் விளிம்பைத் துடைத்த அதே துணியால், அவர் எப்போதாவது கதவையும் துடைப்பார். அவர் மீது குற்றமில்லை. அவருக்குக் கொடுத்தது அவ்வளவுதான். துணிக்கு நிறம் பிரித்துக் கொடுக்கும் வழக்கம் நல்ல ஹோட்டல்களில் உண்டு. மலத்தொட்டிக்குச் சிவப்பு என்றால், கைகழுவும் தொட்டிக்கும் கதவுக்கும் வேறொன்று. எந்த நிறம் என்பது முக்கியமில்லை, ஒன்று மற்றொன்றின் வாளிக்குள் போகக்கூடாது. கதவை முதலில் துடைக்க வேண்டும், மலத்தொட்டிக்குக் கடைசியில் போக வேண்டும். இரண்டு வெள்ளிகூடப் பெறாத ஒரு துணிக்காக எத்தனை பேர் வயிறு கெடுகிறதோ!

துடைக்கும் முறையைச் சொல்லிவிடுகிறோம். முதலில் சவர்க்காரத் தண்ணீர். எண்ணெய்ப் பசையும் அழுக்கும் இருக்கும்போது மேலே மருந்தை ஊற்றினால், மருந்தின் வேகத்தை அழுக்கே தின்றுவிடும். அழுக்கு போன பிறகு குளோரின் சேர்ந்த சலவைத் திரவம், நாம் பேச்சு வழக்கில் குளோராக்ஸ் என்கிறோமே, அது. சாதாரணமாக விற்பதில் 5 விழுக்காடு மருந்து இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லிலிட்டர், அதாவது நான்கு தேக்கரண்டி கலந்தால் போதும். கலந்த துணியால் பிடி, தாழ்ப்பாள், கதவில் கை வைத்துத் தள்ளும் இடம், கதவின் ஓரம் ஆகியவற்றை நனையத் துடைத்து, பத்து நிமிடம் விட்டு, வெறுந்தண்ணீரில் இன்னொரு முறை துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் உலோகம் அரித்துப் போகும். உடனே உலர்த்தித் துடைத்துவிடுபவர்கள் மருந்துக்கு வேலை செய்ய நேரம் கொடுப்பதில்லை. கரைசலை அன்றன்றே புதிதாகக் கலக்க வேண்டும். நேற்றையது வீரியம் குறைந்தது.

ஓர் எச்சரிக்கை. கழிவறைக் கறைக்கு ஊற்றும் அமிலத் திரவத்தோடு இதை ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சுக் காற்று கிளம்பும். சிறிய அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இப்படிக் கலந்தால் மூச்சே நின்றுவிடக்கூடும். இரண்டும் ஒரே வாளியில் வைத்துத் தூக்கிச் செல்லப்படுவதை நாம் பார்த்திருக்கிறோம்.

பிடி எதனால் ஆனது என்பதிலும் ஒரு சுவையான செய்தி உண்டு. 1983-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் கதவுக் குமிழ்களைச் சோதித்தபோது, எவர்சில்வரைவிடப் பித்தளையில் கிருமிகள் விரைவாகச் செத்துப்போவது தெரிய வந்தது. பித்தளையில் இருக்கும் செம்பின் வேலை அது. 2008-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு செம்புக் கலவைகளைக் கிருமி கொல்லும் பொருள்களாகவே பதிவு செய்துகொண்டது. செம்புக் குடத்தில் தண்ணீர் வைத்துக் குடித்த நம் பாட்டிமாருக்கு இது வியப்பாக இருந்திருக்காது. ஆனால் பித்தளைப் பிடியைப் போட்டுவிட்டுத் துடைக்காமல் இருந்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். செம்பு கொல்வதற்கு நேரம் எடுக்கும். அதற்குள் அடுத்த கை வந்துவிடும். பளபளப்புக்காக மேலே அரக்குப் பூசியிருந்தால் செம்பு வேலையே செய்யாது.

இதைவிடச் சிறந்த வழி, தொட வேண்டிய அவசியமே இல்லாமல் செய்துவிடுவது. கழிவறையின் பெரிய கதவு வெளிப்புறமாகத் திறக்குமாறு இருந்தால், கழுவிய கையோடு வருபவர் தோளாலோ முழங்கையாலோ தள்ளிக்கொண்டு வந்துவிடலாம். உட்புறமாகத் திறக்கும் கதவைத்தான் பிடித்து இழுக்க வேண்டியிருக்கிறது. பல விமான நிலையங்களில் பெரிய கதவே கிடையாது. வழியை வளைத்துச் சுவர் எழுப்பி மறைத்துவிட்டார்கள். கட்டுகிற காலத்திலேயே யோசித்தால் இதற்குச் செலவு அதிகமில்லை. கட்டி முடித்த கழிவறையாக இருந்தால், கதவின் பக்கத்தில் ஒரு குப்பைத் தொட்டி வையுங்கள். கை துடைத்த காகிதத்தாலேயே பிடியை இழுத்துவிட்டு, வாசலிலேயே அதைப் போட்டுவிட்டுப் போவார்கள்.

கடைச் சமையலறையில் இருபுறமும் ஆடும் கதவு வைப்பதும் இதற்காகவே. அதன் கீழ்ப்பாகத்தில் தகடு அடித்திருப்பார்கள், காலால் தள்ளுவதற்கு. இரண்டு கையிலும் தட்டு வைத்திருப்பவர் வேறு எப்படிப் போவார்? அந்தத் தகட்டையும் இரவில் கழுவ வேண்டும். குளிர்ப்பதனப் பெட்டியின் கதவைச் சுற்றியுள்ள ரப்பரின் மடிப்புகளையும் விரித்துப் பாருங்கள். கறுப்பாகப் பூசணம் படிந்திருக்கும். பழைய பல் துலக்கியும் சவர்க்காரத் தண்ணீரும் போதும். கோழி, மீன் வெட்டுபவர் பெட்டியைத் திறக்க வேண்டியிருந்தால் வேறொருவரைத் திறக்கச் சொல்லலாம். அல்லது வேண்டியதை எல்லாம் முன்கூட்டியே வெளியே எடுத்து வைத்துக்கொண்டு வெட்டத் தொடங்கலாம்.

அந்த மண்டபத்துக்கு மறுபடியும் ஒரு முறை, வேறொரு திருமணத்துக்குப் போக நேர்ந்தது. பழைய நினைவில் நேராகச் சமையற்கட்டுக்குள் போய்ப் பார்த்தோம். சரக்கு அறைக்குக் கதவை எடுத்துவிட்டிருந்தார்கள். வெட்டும் மேசைக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கைகழுவும் தொட்டியும், அதன் மேல் சவர்க்காரமும் இருந்தன. மனம் குளிர்ந்தது. ஆனால் குளிர்ப்பதனப் பெட்டியின் பிடியில், நம் வீடுகளில் பலர் அழகுக்காகக் கட்டுவார்களே, அதுபோல ஒரு பூப்போட்ட துணியுறை கட்டியிருந்தது. தொட்டுப் பார்த்தோம். சொதசொதவென்று ஈரம். ஓரமெல்லாம் மஞ்சள். எவர்சில்வரையாவது ஒரு தடவை துடைத்தால் போய்விடும். ஈரத் துணியில் கிருமிகள் குடித்தனமே நடத்தும். கட்டியவர் யாரென்று விசாரித்தோம். மண்டபத்தின் காவலாளியுடைய மனைவி. "பிடி அழுக்காகிறதேன்னுதான் கட்டினேன் அண்ணே," என்றார். காரணத்தை எடுத்துச் சொன்னதும் அவரே அவிழ்த்து, வெந்நீரில் போடுவதற்காக எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த பேச்சில் சமையலறைத் துணிகளைப் பற்றியே சொல்வதாக இருக்கிறோம்.