வெயில் ஒன்று, நிழல் ஒன்றல்ல

(செந்தூலில் கூடிய தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நாம் சம்பள உயர்வைப் பற்றிப் பேசவில்லை. போனஸைப் பற்றியும் பேசவில்லை. உஷ்ணத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். "வெயிலைப் பற்றிப் பேசவும் ஒரு கூட்டமா?" என்று சிலர் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும். பேசி முடிக்கும்போது, இதுவும் சம்பளப் பேச்சுத்தான் என்பது விளங்கும்.

உலகின் சீதோஷ்ண நிலை மாறி வருகிறது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்த புகை ஆகாயத்தில் போர்வைபோல் படிந்து, பூமியின் சூட்டை வெளியே விடாமல் பிடித்துக்கொள்கிறது. இதனால் வரும் நோய்கள் யாரை முதலில் தாக்கும் என்று உலகெங்கும் வைத்தியர்கள் ஆராய்ந்து வருகிறார்கள். அனைத்துலகத் தொழிலாளர் ஸ்தாபனம் 2024-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆண்டுதோறும் 240 கோடித் தொழிலாளர்கள் மிதமிஞ்சிய உஷ்ணத்துக்கு ஆளாகிறார்கள் என்றும், வேலையிடத்து உஷ்ணத்தால் ஆண்டுக்கு 18,970 உயிர்கள் போகின்றன என்றும் அது கணக்கிட்டிருக்கிறது.

இந்தப் பெருங்கணக்கில் நம் தோட்டம் எங்கே? நம் லயம் எங்கே? அதுதான் இன்றைய கேள்வி.

நோய்க்கு முதலில் பலியாகிறவர் யார் என்று எண்ணிப் பார்ப்பது இந்தச் சீமைக்குப் புதிதல்ல. இங்கிருந்து இருபது மைல் தொலைவிலுள்ள கிள்ளானுக்கு 1901-ல் சர்க்கார் டாக்டராக வந்தார் மால்கம் வாட்ஸன். மலேரியா ஜுரம் நம் பாட்டன்மாரை வாரிக்கொண்டு போன காலம் அது. வாட்ஸன் தோட்டம் தோட்டமாகச் சென்றார். பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, எத்தனை பேருக்கு மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்று எண்ணினார். அந்த எண்ணிக்கை உண்மையைக் காட்டிற்று. கடலோரச் சமவெளியில் காட்டை வெட்டி, சதுப்பு நீரை வடியவிட்டதும் ஜுரம் குறைந்தது. மலைப்பாங்கான தோட்டங்களில் காட்டை வெட்டியபோதோ குறையவில்லை. வெயில் படும் தெளிந்த ஓடைகளில் வேறொரு ஜாதிக் கொசு பெருகிற்று. அங்கே மண்ணுக்கடியில் குழாய் புதைக்கவும், ஓடை நீரில் எண்ணெய் தெளிக்கவும் வேண்டியிருந்தது.

இதில் நமக்குப் பாடம் இரண்டு. ஓரிடத்துப் பரிகாரம் மற்றோரிடத்துக்கு ஆகாது. இடத்துக்கு இடம் எண்ணியே தீரவேண்டும் என்பது ஒன்று. அன்று எண்ணியவர் டாக்டர், எண்ணப்பட்டவர்கள் நாம் என்பது மற்றொன்று. ஆள் குறைந்தால் ஆதாயம் குறையும் என்பதும் முதலாளிமாருக்குத் தெரியும். இனி எண்ணுகிறவர்களும் நாமாகவே இருக்கவேண்டும்.

"விடியுமுன் மரத்துக்குப் போய், உச்சிக்கு முன் ஸ்டோருக்கு வந்துவிடுகிறோமே, எங்களுக்கு என்ன வெயில்?" என்று பால்வெட்டும் தோழர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் விடியற்காலையில் மழை பெய்தால் என்ன ஆகிறது? பட்டை காயும்வரை காத்திருக்கிறோம். வெட்டு பிந்துகிறது, பால் எடுப்பது உச்சி வெயிலுக்குத் தள்ளிப்போகிறது, நிறைந்த வாளிகளை அந்நேரத்தில்தான் சுமக்கிறோம். இலையுதிர் காலத்திலோ தலைக்குமேல் நிழலும் இல்லை. மறுநடவு நிலத்தில் புல் வெட்டுகிறவருக்கும், முகமூடியும் தடித்த உடுப்பும் அணிந்து மருந்து அடிக்கிறவருக்கும் எந்தக் காலத்திலும் நிழல் இல்லை.

மேலும், நம் நாட்டுக் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை காய்ந்தால்தான் உடல் குளிரும். ஈரக் காற்றில் அது எளிதில் காய்வதில்லை. ஆகவே வானிலை இலாகா சொல்லும் 35 டிகிரி, வாளி சுமக்கிறவர் உடம்புக்கு 35 டிகிரியோடு நிற்பதில்லை. இதை அளக்கவே ஈரத்துணி சுற்றிய வெப்பமானியையும் கருங்குண்டு வெப்பமானியையும் சேர்த்துப் பார்க்கும் முறை இருக்கிறது. நம் நாட்டுத் தொழிலிடப் பாதுகாப்பு இலாகா 2016-ல் வெளியிட்ட வழிகாட்டியும் இம்முறையைத்தான் சொல்கிறது.

நம்மிடையே ஆபத்து யாருக்கு அதிகம்? கர்ப்பிணிகள் முதலாவது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா கல்வி நிலைய ஆராய்ச்சியாளர்கள் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைக் கவனித்து வந்தார்கள். செங்கற்சூளை, உப்பளம், வயல் போன்ற சூடான இடங்களில் உழைத்தவர்களுக்குக் கருச்சிதைவு அபாயம் இரு மடங்கு என்று 2024-ல் அறிவித்தார்கள்.

அடுத்து நீரிழிவுக்காரர்கள். 2019-ம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு. இந்தியரிடையே அது 31.4 சதவீதம். நீரிழிவு உள்ள உடம்பு சூட்டை வெளியேற்றத் திணறும். நீர் வற்றினால் சிறுநீரகமும் சேர்ந்து கெடும். முதியோரையும், ஆயாக் கொட்டகையில் தகரக் கூரையின் கீழ் கிடக்கும் குழந்தைகளையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பங்களாதேஷ், இந்தோனேசியா, நேபாளத்திலிருந்து கடன்பட்டு வந்து நம்மோடு உழைப்பவர்களையும் விட்டுவிடாதீர்கள். பாஷை வேறு என்பதால் வியர்வை வேறாகிவிடாது.

இந்தச் செந்தூலையே பாருங்கள். ரயில்வே பட்டறையில் உழைத்த குடும்பங்களும், தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்களும் அடுக்கு வீடுகளில் வாழ்கின்றன. பகலெல்லாம் வாங்கிய சூட்டைச் சிமெண்டுக் கூரை இரவெல்லாம் திருப்பித் தருகிறது. தூங்காத உடம்போடுதான் காலையில் காவல் வேலைக்கும் துப்புரவு வேலைக்கும் போகிறார்கள்.

தோழர்களே! வெயில் எல்லார் தலையிலும் ஒன்றாகவே விழுகிறது. நிழலுக்குப் போக யாரால் முடியும் என்பதில்தான் பேதம். நிறுவைக்குக் கூலி வாங்குகிறவர் அரை மணி உட்கார்ந்தால் பால் குறைகிறது. பால் குறைந்தால் கூலி குறைகிறது. அதனால் மயக்கத்தை மறைத்துக்கொண்டு வாளியைத் தூக்குகிறார். விழுந்த பிறகு, டிரஸர் புத்தகத்தில் 'தலைசுற்றல்' என்று ஒரு சொல் மட்டும் ஏறினால், வெயில் தப்பித்துக்கொள்கிறது. எழுதப்படாத நோய்க்கு மருந்துமில்லை, நஷ்டஈடுமில்லை.

ஆகவே கிளைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போடுவோம். தேதி, வேலை, நேரம், அன்று காலை மழை பெய்ததா, உடம்புக்கு என்ன வந்தது, எவ்வளவு கூலி போயிற்று என்ற ஆறு விவரங்கள் போதும். செக்ரோல் எழுதும் கிராணிமார் இதற்குக் கைகொடுக்கவேண்டும். மரத்தடிக்கும் ஆபீசுக்கும் இருந்த பழைய தூரம் இந்தப் புத்தகத்தில் குறையட்டும். பெண்களின் விவரத்தைப் பெண்களே எழுதட்டும். எவர் பெயரும் வெளியே போகக்கூடாது.

அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நாம் கேட்கப்போவது பெரிய காரியமல்ல. குடிக்க நல்ல தண்ணீர், ஒதுங்க நிழல், கூலி குறையாத ஓய்வு, கர்ப்பிணிகளுக்கு இலகுவான வேலை. சட்டமும் ஓரளவு துணை நிற்கிறது. 1994-ம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் அமலில் இருக்கிறது. உடனடி ஆபத்து உண்டென்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்காவிட்டால், அவ்விடத்தை விட்டு விலகத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. ஆனால் அந்தக் காரணத்தைக் காட்டக் கையில் கணக்கு வேண்டும்.

அன்று நம் பிள்ளைகளின் மண்ணீரலை வேறொருவர் எண்ணினார். இன்று நம் வியர்வையை நாமே எண்ணுவோம். அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வரும்போது வெறுங்கையோடு வராதீர்கள். ஒரு மாதக் கணக்கோடு வாருங்கள்.