ஒரு டிஸ்க், இரண்டு பெட்டி

கூடத்தில் ஒரு டி.வி., படுக்கையறையில் ஒரு டி.வி. இரண்டுக்கும் தனித்தனியாக, நிகழ்ச்சிகளைப் பதிந்து வைத்துக்கொள்ளும் டிஜிட்டல் ரெக்கார்டர். கூடத்துப் பெட்டியில் இடம் போதாமல் வெளியிலிருந்து ஒரு ஹார்டு டிஸ்க் வாங்கி மாட்டியாயிற்று. நேற்று பாதியில் விட்ட படம் அதில்தான் இருக்கிறது. மீதியை உள்ளே படுத்துக்கொண்டு பார்க்கலாமென்று டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டுபோய் இன்னொரு பெட்டியில் செருகுகிறீர்கள். அதே நிறுவனத்தின் பெட்டி, அதே மாடல், ஒரே நாளில் வாங்கியதாகக்கூட இருக்கலாம். ஆனால் பட்டியலில் படம் இல்லை.

டிஸ்க் கெட்டுப்போகவில்லை. பெட்டியும் சரியாகத்தான் வேலை செய்கிறது. அது இப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். யார், எதற்காக, எந்த ஊரில் எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

வீடியோ கேசட் காலத்தில் இந்தச் சங்கடமே கிடையாது. ஒரு வீட்டு வி.சி.ஆரில் பதிந்த கேசட், தெருவில் இருக்கும் அதே ரக வி.சி.ஆர். எதிலும் ஓடும். வீட்டில் பதிவதே ஹாலிவுட்டுக்குப் பொறுக்கவில்லை. யுனிவர்சலும் டிஸ்னியும் சேர்ந்து, பீட்டாமாக்ஸ் ரெக்கார்டரைத் தயாரித்த சோனி மீது வழக்குப் போட்டன. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிந்துகொள்வது சட்டப்படி சரிதான் என்று 1984 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. ஒன்பது நீதிபதிகளில் ஐந்து பேர் இந்தப் பக்கம், நான்கு பேர் அந்தப் பக்கம். குழந்தைகள் நிகழ்ச்சி நடத்திப் புகழ்பெற்ற ஃபிரெட் ரோஜர்ஸ், தன் நிகழ்ச்சியைக் குடும்பங்கள் பதிந்து வைத்துப் பார்ப்பதில் தனக்கு ஆட்சேபமில்லை என்று அந்த வழக்கில் சாட்சி சொன்னார். தீர்ப்பு அவர் பேச்சையும் எடுத்துக்காட்டியது. ஒரே ஒரு நீதிபதி மனம் மாறியிருந்தால் இன்று நான் பேசுவதற்கே விஷயம் இருந்திருக்காது.

1999-ல் டேப் போய் ஹார்டு டிஸ்க் வந்தது. டிவோ, ரீப்ளே டி.வி. என்று இரண்டு பெட்டிகள் அமெரிக்காவில் அந்த ஆண்டு விற்பனைக்கு வந்தன. டிவோவின் முதல் பெட்டிகளில் சிறியது 14 மணி நேரம் பதியும், அதுவும் படத்தின் தரத்தைக் குறைத்துக்கொண்டால். எச்.டி. வந்ததும் இடம் இன்னும் நெருக்கடியானது. அமெரிக்காவில் ஆன்டெனா வழியாக வரும் டிஜிட்டல் ஒளிபரப்பு, ஓர் அலைவரிசையில் நொடிக்கு 19.39 மெகாபிட் வரை சுமந்து வரும். முழுதாகப் பதிந்தால் மணிக்கு ஏறத்தாழ 8.7 ஜி.பி. அந்தக் கணக்கில் 250 ஜி.பி. டிஸ்க் முப்பது மணி நேரம்கூடத் தாங்காது. பெட்டியின் பின்புறம் இன்னொரு டிஸ்க் மாட்ட ஒரு துளை வேண்டும் என்ற கோரிக்கை இப்படித்தான் பிறந்தது.

துளை கிடைத்தது. அந்த டிஸ்க் இன்னொரு பெட்டிக்கும் உதவுமா?

ஒரே சமயத்தில் இரண்டு பெட்டியிலும் மாட்டுவது என்பது நடக்காத காரியம். யு.எஸ்.பி.யில் ஒரு டிஸ்க்குக்கு ஒரு எஜமான்தான் இருக்க முடியும். எப்படியோ வளைத்துப் பிடித்து மாட்டிவிட்டாலும் விபரீதம்தான். எந்த இடம் காலி, எது நிரம்பியது என்ற கணக்கை ஒவ்வொரு பெட்டியும் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்கிறது. ஒரே பேரேட்டை இரண்டு கணக்குப்பிள்ளைகள் ஒருவரையொருவர் கேட்காமல் எழுதினால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும்: ஒன்று எழுதிய இடத்தின் மேலேயே மற்றது எழுதும், இரண்டு பதிவும் பாழாகும். சரி, கழற்றி மாட்டுகிறோம் என்றால் அந்தச் சிக்கல் போய்விடுகிறது. இரண்டு பெட்டியும் ஒரே ரகமாக இருந்தால், டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கும் முறையும் ஒன்றாகவே இருக்கும்.

ஆக மிஞ்சுவது ஒரே ஒரு தடை, சாவி. பெட்டி, படத்தை டிஸ்க்கில் எழுதும்போதே பூட்டி எழுதுகிறது. அதைத் திறக்கும் சாவி பெட்டிக்குள் இருக்கும் சிப்பில் இருக்கிறது. பெட்டிக்குப் பெட்டி அது வேறு. எனவே இந்த விவகாரம் முழுவதையும் ஒரே கேள்வியில் கேட்டுவிடலாம்: பூட்டு யார் பெயரில் போடப்பட்டிருக்கிறது? பெட்டியின் பெயரிலா, சந்தா கட்டுகிற குடும்பத்தின் பெயரிலா?

அமெரிக்காவிலேயே மூன்று நிறுவனங்கள் மூன்று விதமாகப் பதில் சொன்னன. டிவோ, வெளி டிஸ்க்கை உள் டிஸ்க்கோடு ஒட்டிவைத்துவிட்டது. இரண்டும் சேர்ந்து ஒரே கிடங்கு. ஒரே நிகழ்ச்சியின் துண்டுகள் இரண்டிலும் பரவிக்கிடக்கும். வெளி டிஸ்க்கைக் கழற்றினால் அது மட்டுமல்ல, உள்ளே இருப்பவற்றிலும் பல போய்விடும். டைரக்ட் டி.வி.யின் எச்.டி. ரெக்கார்டரில் வெளி டிஸ்க்கை மாட்டியதும் உள் டிஸ்க் தூங்கப் போய்விடும். வெளி டிஸ்க்தான் எல்லாம். பதிந்தவை அந்த ஒரு பெட்டியில் மட்டுமே ஓடும்.

மூன்றாவது, டிஷ் நெட்வொர்க். தன் விப் 622, விப் 722 ரெக்கார்டர்களில் 2007-ல் வெளி டிஸ்க் வசதியைத் திறந்துவிட்டது. ஒரு தடவை மட்டும் 39 டாலர் 99 சென்ட் கட்டணம். நேரடியாக அந்த டிஸ்க்கில் பதிய முடியாது. முதலில் உள் டிஸ்க்கில் பதிந்து, பிறகு வெளியே நகர்த்த வேண்டும். ஆனால் நகர்த்திய டிஸ்க்கைக் கழற்றி, அதே சந்தாக் கணக்கில் இருக்கும் இன்னொரு ரெக்கார்டரில் செருகினால் படம் ஓடும்! பூட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துக் குடும்பக் கணக்கில் மாட்டினார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். பக்கத்து வீட்டுக்காரர் பெட்டியில் ஓடாது. சந்தாவை நிறுத்தினாலும் பயனில்லை. இருந்தாலும் இந்த மூன்றில் இதைத்தான் நான் நியாயம் என்பேன். இரண்டு பெட்டிக்கும் வாடகை கட்டுகிறவர் ஒருவரே. அவர் தன் வீட்டுக்குள்ளேயே ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு ஒரு படத்தை எடுத்துக்கொண்டு போனால் யாருக்கு என்ன நட்டம்?

கடுமை எப்படியிருக்கும் என்று பார்க்க ஜப்பானுக்குப் போக வேண்டும். ரெக்கார்டர்களைத் தயாரித்து உலகுக்கு விற்ற நாடு அது. அங்கே தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு 2003 டிசம்பரில் தொடங்கியது. சில மாதங்களிலேயே, 2004 ஏப்ரலில், பதிவது ஒரு தடவை மட்டும் என்று விதி வந்தது. அதன்பின் வேறு இடத்துக்கு நகர்த்தலாம், பிரதி எடுக்க முடியாது. மக்கள் முணுமுணுத்தார்கள். 2008 ஜூலை 4 முதல் அதைத் தளர்த்தினார்கள்: ஒரு பதிவிலிருந்து ஒன்பது பிரதி எடுக்கலாம், பத்தாவது தடவை மூலமே இடம் மாறிவிடும். கட்டணச் சேனல்கள் பலவற்றுக்கு இந்தச் சலுகையும் இல்லை.

இந்தப் பத்துக் கணக்குக்கும் வெளி டிஸ்க்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். மீதி எத்தனை பிரதி என்ற எண்ணிக்கையைப் பெட்டிதான் காத்துவர வேண்டும். டிஸ்க்கைச் சுதந்திரமாக நடமாட விட்டால் அந்தக் கணக்கு அதன் கையைவிட்டுப் போய்விடும். அதனால் அங்கே யு.எஸ்.பி. டிஸ்க்கை வாங்கி மாட்டியதும் பெட்டி அதைத் தன் பெயரில் பதிவு செய்துகொள்கிறது. ஒரு பெட்டி பல டிஸ்க்குகளை வைத்துக்கொள்ளலாம். ஒரு டிஸ்க்குக்கு இரண்டு பெட்டிகள் கூடாது. இன்னொரு பெட்டியில் செருகினால், புதிதாகப் பதிவு செய்யட்டுமா என்று கேட்கும். சம்மதித்தால் உள்ளே இருப்பது அத்தனையும் அழியும்.

இதைவிடக் கொடுமை ரிப்பேர். ரெக்கார்டர் பழுதாகி, உள்ளே இருக்கும் மெயின் போர்டை மாற்றிவிட்டால், வெளியிலிருந்து பார்க்க அதே பெட்டிதான். சாவி மட்டும் போய்விட்டது. டிஸ்க்கில் ஒரு கீறல்கூட இல்லை, ஆனால் ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்தது ஒன்றும் ஓடாது. பயனர் கையேட்டிலேயே இதை அச்சடித்து எச்சரித்திருப்பார்கள். யார் படிக்கிறார்கள்?

இந்தப் புகார் வலுத்த பிறகு, பெரிய மின்னணு நிறுவனங்கள் கூடி 'சீக்வால்ட்' என்று ஒரு முறை கொண்டுவந்தன. அதில் சாவி பெட்டியிடம் இல்லை, டிஸ்க்கோடு சேர்ந்தே பயணம் செய்கிறது. அதற்கென்று செய்த டிஸ்க்கும் வேண்டும், அதற்கென்று செய்த ரெக்கார்டரும் வேண்டும். நல்ல யோசனைதான். ஆனால் ஒரு நிறுவனத்தின் பெட்டியில் எழுதியது இன்னொரு நிறுவனத்தின் பெட்டியில் ஓடும் என்று நம்பி இறங்க முடியாத நிலையில் அதை விட்டுவிட்டார்கள். பூட்டைத் திறந்தவர்கள் வாசலில் ஒரு நாதாங்கியையும் வைத்தார்கள்.

நம் ஊர் டி.டி.எச். பெட்டிகளிலும் பென் டிரைவில் பதியும் வசதி வந்தது. அந்தப் பென் டிரைவை அண்ணன் வீட்டுக்கு எடுத்துப்போனவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எந்த நிறுவனத்தின் சேவையும் எந்தப் பெட்டியிலும் இயங்க வேண்டும் என்று 2020 ஏப்ரலில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்தது. அது பெட்டியைப் பற்றியது. நீங்கள் பதிந்து வைத்ததைப் பற்றி அல்ல.

பூட்டே இல்லாத உலகமும் ஒன்று உண்டு. ஜெர்மனியிலிருந்து வந்த ட்ரீம்பாக்ஸ், அதன் வழியில் வந்த வியூ பிளஸ் போன்ற பெட்டிகள் உள்ளுக்குள் லினக்ஸில் இயங்குபவை. பதிவை மற்றக் கணினிக் கோப்புகளைப் போலவே எழுதுகின்றன. கோப்பின் பெயரிலேயே தேதி, நேரம், சேனல், நிகழ்ச்சி எல்லாம் இருக்கும். படத்தோடு கூடச் சில குட்டிக் கோப்புகளும் வரும்: ஒன்றில் நிகழ்ச்சிக் குறிப்பு, ஒன்றில் நீங்கள் எங்கே நிறுத்தினீர்கள் என்ற அடையாளம். தெரியாதவர்கள் பெரிய கோப்பை மட்டும் நகலெடுத்துக்கொண்டு, குட்டிகளை விட்டுவிடுவார்கள். படம் ஓடும், விட்ட இடம்தான் மறந்துபோகும்.

இந்தப் பெட்டிகளில் டிஸ்க்கைக் கழற்றிச் சுமக்கவே வேண்டாம். டிஸ்க்கை எந்தப் பெட்டியிலும் மாட்டாமல், வீட்டு நெட்வொர்க்கில் தனியாக வைத்துவிடலாம். நாஸ் என்று கடைகளில் விற்கும் சாதனம் அதற்குத்தான். அப்போது டிஸ்க்கில் எழுதுவது நாஸ் ஒன்று மட்டுமே. இரண்டு ரெக்கார்டரும் அதனிடம் கேட்டு வாங்குகின்றன. ஒன்று பதிந்துகொண்டிருக்கும்போதே மற்றது அதே டிஸ்க்கிலிருந்து படம் காட்டலாம். நூறு மெகாபிட் கேபிள் இணைப்பே இரண்டு மூன்று எச்.டி. ஓட்டத்துக்குத் தாராளம். வைஃபையை நம்பிப் பதிவு செய்யாதீர்கள். ஒளிபரப்பு உங்களுக்காகக் காத்திருக்காது. அலை ஒரு நிமிடம் தடுமாறினால் அந்த ஒரு நிமிடம் போனது போனதுதான்.

யு.எஸ்.பி. டிஸ்க்கோடுதான் காலம் தள்ள வேண்டும் என்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. பெட்டியின் யு.எஸ்.பி. 2.0 துளை 500 மில்லி ஆம்பியர்தான் கொடுக்கக் கடமைப்பட்டது. சிறிய டிஸ்க்குகள்கூடச் சுழலத் தொடங்கும் நேரத்தில் அதைவிட அதிகம் கேட்கும். பாதிப் பதிவில் டிஸ்க் காணாமல்போவது பெரும்பாலும் இதனால்தான்; தனி அடாப்டர் உள்ள டிஸ்க்காக வாங்குங்கள். சும்மா இருந்தால் தானே தூங்கிவிடும் டிஸ்க் வேண்டாம். நள்ளிரவுப் பதிவு தொடங்கும்போது அது கண் விழிப்பதற்குள் முதல் காட்சி போய்விடும்.

இரண்டாவது பெட்டி வாங்குவதற்கு முன் கடைக்காரரிடம் ஒரு சோதனை கேளுங்கள். ஒரு பெட்டியில் இரண்டு நிமிடம் பதியச் சொல்லி, பெட்டியை முறையாக நிறுத்திவிட்டு, டிஸ்க்கை மற்றதில் மாட்டச் சொல்லுங்கள். காலி டிஸ்க்காக எடுத்துக்கொண்டு போங்கள். 'ஃபார்மட் செய்யட்டுமா' என்று அது கேட்டால் பதில் தெரிந்துவிட்டது. பணத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்ளலாம்.