கொள்ளை நோயும் ஊர்க் கணக்கும்

(பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் நடந்த பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் நிகழ்த்திய உரை)



கொள்ளை நோய்க் காலத்தில் அரசாங்கம் வெளியிடும் சுகாதாரப் புள்ளிவிவரங்களை எவ்வாறு படித்தறிவது, அவற்றை நம் ஊர் நிலைமையோடு எவ்வாறு பொருத்திப் பார்ப்பது என்பதே இன்று எனக்கு அளிக்கப்பட்டுள்ள பொருள். புள்ளிவிவரம் என்றவுடன் அது படித்தவர்களின் வேலை என்று பலர் எண்ணுகின்றனர். அந்த எண்ணம் சரியன்று. ஏக்கருக்கு எத்தனை மூட்டை கண்டது, எத்தனை நாளைக்கு ஒரு தண்ணீர் கட்டினோம், சென்ற ஆண்டு ஐப்பசியில் எத்தனை மழை என்று நினைவிலிருந்தே சொல்லக்கூடியவர்கள் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். நெல்லுக்கும் நீருக்கும் கணக்கு வைக்கத் தெரிந்தவர்களுக்கு நோய்க்குக் கணக்கு வைப்பது கடினமான காரியம் அன்று.

பழைய பதிவேடு சொல்லும் செய்தி

1918-ஆம் ஆண்டு உலகமெங்கும் பரவிய விஷக் காய்ச்சல் நம் தேசத்தில் ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. 1911-இல் எடுத்த ஜனத்தொகைக் கணக்கைவிட 1921-இல் எடுத்த கணக்கில் இந்திய மக்கள்தொகை குறைந்திருந்தது. பத்தாண்டுக் காலத்தில் மக்கள்தொகை குறைந்தது அந்த ஒரு முறைதான். அந்தக் காய்ச்சலுக்கு அப்போது பரிசோதனை கிடையாது. பெரும்பாலான ஊர்களில் மருத்துவரும் கிடையாது. ஆயினும் அதன் கொடுமையை இன்று நாம் அறிவது எப்படி? ஊர் மணியக்காரர் போன்ற கிராம உத்தியோகஸ்தர்கள் எழுதிவந்த பிறப்பு இறப்புப் பதிவேடுகளும் ஜனத்தொகைக் கணக்கும் இருந்தமையால்தான். எழுதாமல் விட்ட மரணங்களும் ஏராளமாக இருந்தன. அதனால்தான் அறிஞர்களின் மதிப்பீடுகள் இன்றளவும் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடுகின்றன.

மாலைதோறும் வந்த அறிக்கை

தமிழ்நாட்டில் கொரோனா நோயாளி ஒருவர் முதன்முதலில் கண்டறியப்பட்டது 2020 மார்ச் 7-ஆம் தேதி. உலக சுகாதார நிறுவனம் அதை உலகளாவிய கொள்ளை நோய் என்று கூறியது மார்ச் 11-இல். மார்ச் 25 முதல் தேசமெங்கும் ஊரடங்கு. அக்காலத்தில் நம் மாநில மக்கள் நல்வாழ்வுத் துறை நாள்தோறும் ஓர் அறிக்கை வெளியிட்டு வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அன்று புதிதாக நோய் கண்டவர் எத்தனை பேர், குணமடைந்தவர் எத்தனை பேர், இறந்தவர் எத்தனை பேர், பரிசோதித்த மாதிரிகள் எத்தனை என்று மாவட்டவாரியாக அதில் அட்டவணை இருந்தது. விமானத்தில் வந்தவர்களுக்கும் இரயிலில் வந்தவர்களுக்கும் தனி வரிகள் இருந்தன.

பயனுள்ள அறிக்கைதான். ஆனால் அதில் நம் மாவட்டத்திற்கு ஒரு வரி இருந்ததே தவிர, நம் ஊருக்கு வரி இல்லை. பயிர்க் காப்பீட்டில் பிர்காவின் சராசரி விளைச்சலைப் பார்க்கும்போது, தம் வயல் சாவியாகிப் போனதைச் சொல்லி மனம் வருந்துகிற விவசாயிகள் உண்டு. சராசரி பொய்யன்று, ஆனால் அதற்குள் ஒருவருடைய வயல் மறைந்துபோகிறது. நோய்க் கணக்கும் அப்படியே. மாவட்டத்தின் வரிக்குள் ஊர் மறைந்துபோகும். மாநிலத்தின் மொத்தத்திற்குள் மாவட்டமே மறைந்துபோவதும் உண்டு.

இதற்கு 2021 மே மாதம் நல்ல சான்று. இரண்டாம் அலையில் மாநிலத்தின் ஒரு நாள் எண்ணிக்கை மே 21-ஆம் தேதி 36,184 என்ற உச்சத்தைத் தொட்டுப் பிறகு இறங்கத் தொடங்கியது. மொத்தத்தை மட்டும் பார்த்தவர்கள் ஆபத்து நீங்கியதென்று மகிழ்ந்தனர். ஆனால் இறக்கம் சென்னைப் பக்கத்தில்தான். கோயம்புத்தூரில் நோய் அப்போதும் ஏறிக்கொண்டிருந்தது. மே இறுதி வாரத்தில் அம்மாவட்டத்தின் ஒரு நாள் எண்ணிக்கை சென்னையையே விஞ்சிவிட்டது. ஜூன் 7 முதல் ஊரடங்கு தளர்த்தப்பட்டபோது கோவை, நீலகிரி, திருப்பூர், ஈரோடு, சேலம், கரூர், நாமக்கல், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய 11 மாவட்டங்களுக்குச் சலுகைகள் குறைவாகவே கிடைத்தன. ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்து குறுவைக்குத் தண்ணீர் வந்த சமயத்தில் காவிரி டெல்டா மாவட்டங்கள் நான்கு அந்தப் பட்டியலில் இருந்தன. எண்கள் ஏட்டில் உறங்குவன அல்ல. கடை திறப்பதையும் வண்டி ஓடுவதையும் அவையே தீர்மானித்தன.

கோயம்பேடு தந்த பாடம்

எண் எங்கே தோன்றுகிறது என்பதும், நோய் எங்கே பற்றியது என்பதும் வேறு வேறு. 2020 ஏப்ரல் இறுதியில் சென்னை கோயம்பேடு சந்தையில் நோய் பரவியது. மே 5-ஆம் தேதி சந்தை மூடப்பட்டது. அங்கே மூட்டை சுமந்தவர்களும் வியாபாரம் செய்தவர்களும் சொந்த ஊர் திரும்பினர். கடலூர், விழுப்புரம், அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களின் எண்ணிக்கை சில நாட்களில் குபீரென்று உயர்ந்தது. அட்டவணையை மட்டும் பார்த்தால் அம்மாவட்டக் கிராமங்களில்தான் நோய் பிறந்தது போலத் தோன்றும். உண்மையில், திரும்பி வந்தவர்களைத் தேடிப் பரிசோதித்ததனால் கண்டுபிடிக்கப்பட்ட எண்ணிக்கை அது. தேடியவிடத்தில் எண் உயரும். அந்த உயர்வைக் கண்டு ஊர் திரும்பிய கூலித் தொழிலாளியைப் பழித்து ஒதுக்குவது அநியாயம். அதிகம் கண்டுபிடித்த மாவட்டத்தைக் கெட்ட மாவட்டம் என்று சொல்வதும் தவறு.

எண்ணைப் படிக்க நான்கு விதிகள்

முதல் விதி: மக்கள்தொகையால் வகுத்துப் பாருங்கள். உதாரணத்திற்கு இரண்டு ஊர்களை எடுத்துக்கொள்வோம். 6,000 பேர் உள்ள ஊரில் 12 பேருக்கு நோய். 1,500 பேர் உள்ள ஊரில் 6 பேருக்கு நோய். முதல் ஊரில்தான் அதிகம் என்று தோன்றும். வகுத்துப் பார்த்தால் முதல் ஊரில் ஆயிரத்திற்கு 2. இரண்டாம் ஊரில் ஆயிரத்திற்கு 4. காய்ச்சல் முகாம் ஒன்றுதான் நடத்த முடியும் என்றால் அது முதலில் எங்கே போக வேண்டும் என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

இரண்டாம் விதி: பரிசோதனையால் வகுத்துப் பாருங்கள். சென்ற வாரம் 200 பேரைப் பரிசோதித்து 10 பேருக்கு நோய் கண்டது. இந்த வாரம் 50 பேரைப் பரிசோதித்து 8 பேருக்குக் கண்டது. எண் 10-லிருந்து 8-ஆகக் குறைந்தது. ஆனால் நூற்றுக்கு 5 ஆக இருந்த விகிதம் நூற்றுக்கு 16 ஆகிவிட்டது. குறைந்தது நோயன்று, தேடுதல்தான். நூற்றுக்கு 5-க்கும் கீழே இந்த விகிதம் இரண்டு வாரமேனும் நிலைத்த பிறகே கட்டுப்பாடுகளைத் தளர்த்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதத்தில் அறிவுறுத்தியதன் காரணம் இதுவே.

மூன்றாம் விதி: ஒரு நாள் எண்ணை நம்பாதீர்கள், ஏழு நாள் எண்ணைக் கூட்டிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமையன்று பரிசோதனை குறையும்; அதன் விளைவு திங்கட்கிழமை அறிக்கையில் தெரியும். ஒரு நாள் தூறலைக் கண்டு பருவ மழை தொடங்கிற்று என்று நாம் விதைப்பதில்லையே! சிற்றூரில் இது இன்னும் முக்கியம். நேற்று 1, இன்று 2 என்றால் இரட்டிப்பாகிவிட்டது என்று சொல்லிக் கலவரப்படுவது பேதைமை.

நான்காம் விதி: மரணக் கணக்கு பிந்தி வரும். நோய் கண்டவருக்கு மூச்சுத் திணறல் முற்றி உயிர்ச்சேதம் நேர்வதற்குள் இரண்டு மூன்று வாரங்கள் ஆகலாம். ஆகவே நோயாளிகள் குறையத் தொடங்கிய பின்னும் மரணம் சிலகாலம் ஏறும். அறிக்கை எழுதுவதில் நேரும் தாமதம் வேறு. 2020 ஜூலை 22-ஆம் தேதி, முன்பு கணக்கில் வராமற்போன 444 மரணங்கள் ஆய்வுக்குப் பின் மாநிலக் கணக்கில் ஒரே நாளில் சேர்க்கப்பட்டன. அவை அன்று நேர்ந்த மரணங்கள் அல்ல. அன்று எழுதப்பட்ட மரணங்கள்.

கணக்கில் வராதவை

எவ்வளவு முயன்றாலும் பரிசோதனை எல்லோரையும் எட்டாது. 2020 அக்டோபர், நவம்பர் மாதங்களில் நம் மாநிலத்தில் மக்களின் இரத்தத்தைச் சோதித்து ஓர் ஆய்வு நடந்தது. நூற்றுக்குச் சுமார் 32 பேர் நோய்க்கு ஆட்பட்டு மீண்டதற்கான அடையாளம் அதில் தெரிந்தது. ஆனால் அச்சமயத்தில் நோயாளிகள் என்று எண்ணப்பட்டவர்கள் மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர் அளவே. பலருக்கு நோய் வந்ததே தெரியாமல் வந்து போயிருக்கிறது.

மரணக் கணக்கிலும் இடைவெளி உண்டு. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் இந்தியாவில் கொரோனாவால் இறந்தோர் அரசுக் கணக்கின்படி சுமார் 4.8 இலட்சம். வழக்கத்திற்கு மேல் நேர்ந்த மரணங்கள் சுமார் 47 இலட்சம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதத்தில் மதிப்பிட்டது. அந்த மதிப்பீட்டு முறையை இந்திய அரசு ஏற்கவில்லை. அந்த வாதத்தை அறிஞர்களுக்கு விட்டுவிடுவோம். நாம் காண வேண்டியது, இவ்வளவு பெரிய வேறுபாட்டிற்கு இடமுண்டானது எப்படி என்பதே. வீட்டில் நேர்ந்த மரணங்கள் காலத்தில் பதிவாகாமலும், காரணம் எழுதப்படாமலும் போவதே இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

ஆகவே பரிசோதனை இல்லாத ஊரிலும் பயன்படக்கூடிய ஒரு கணக்கைச் சொல்கிறேன். ஓர் ஊரில் முந்தைய ஐந்து ஆண்டுகளின் மே மாதங்களில் 2, 3, 1, 2, 2 என்று மரணங்கள் பதிவாகியிருப்பதாக வைத்துக்கொள்வோம். சராசரி 2. இந்த ஆண்டு மே மாதத்தில் 9 மரணங்கள். அப்படியானால் 7 மரணங்கள் வழக்கத்திற்கு மேற்பட்டவை. காரணம் இன்னதென்று இந்தக் கணக்கு சொல்லாது. ஆனால் ஊரில் ஏதோ நேர்ந்திருக்கிறது, சுகாதார அதிகாரிகள் உடனே வந்து பார்க்க வேண்டும் என்று அது உரத்த குரலில் சொல்லும்.

பதிவு குடும்பத்தின் உரிமை

1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி மரணத்தை 21 நாட்களுக்குள் தெரிவித்துப் பதிய வேண்டும். நிலப் பட்டா மாற்றும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று பலர் தள்ளிப்போடுகின்றனர். வயது முதிர்ந்த பெண்களும் குழந்தைகளும் இறந்தால், சொத்து இல்லை, பதிவு எதற்கு என்று விட்டுவிடுவோரும் உண்டு. இதன் விளைவு என்ன? 2021-இல் உச்ச நீதிமன்றத்தின் ஆணையை ஒட்டி, கொரோனாவால் இறந்தவரின் குடும்பத்திற்கு 50,000 ரூபாய் நிவாரணம் வழங்க ஏற்பாடாயிற்று. நோய் உறுதியான 30 நாட்களுக்குள் நேர்ந்த மரணம், மருத்துவமனைக்கு வெளியே நேர்ந்திருந்தாலும், கணக்கில் கொள்ளப்பட்டது. பரிசோதனைச் சீட்டும் மரணப் பதிவும் வைத்திருந்த குடும்பங்களுக்கு வழி எளிதாக இருந்தது. பழிக்கு அஞ்சிப் பரிசோதனைக்கே போகாமல் வீட்டிலேயே உயிர் விட்டவர்களின் மனைவி மக்கள் அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியதாயிற்று. கையில் காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் விதவைப் பெண் ஒருத்தி நிற்பதைக் காட்டிலும் கொடுமை வேறில்லை. நோயை மறைத்த ஊர் தன் மக்களின் உரிமையையும் சேர்த்து மறைத்துவிடுகிறது.

பஞ்சாயத்து செய்ய வேண்டியவை

தேசம் முழுவதும் 2004 முதல் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் நடந்து வருகிறது. துணைச் சுகாதார நிலையத்தின் ஊழியர் அறிகுறிகளை ‘எஸ்’ படிவத்திலும், மருத்துவர் தம் கணிப்பை ‘பி’ படிவத்திலும், ஆய்வுக்கூடத்தார் சோதனை முடிவை ‘எல்’ படிவத்திலும் தெரிவிப்பது அதன் முறை. வாரந்தோறும் தாளில் சென்ற இச்செய்தி 2021 முதல் கணினி வழியாக அன்றன்றே செல்ல ஏற்பாடாயிற்று. இத்தனைக்கும் அடி வேர் நம் ஊர்க் கிராம சுகாதார செவிலியர் வீடு வீடாகக் கேட்டு எழுதும் எண்தான். அவரிடம் காய்ச்சலை மறைத்தால் தலைநகர் வரை எல்லாக் கணக்கும் பிழையாகும்.

ஆகவே, கொள்ளை நோய் வரும்வரை காத்திராமல், இப்போதே ஒவ்வொரு பஞ்சாயத்தும் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். வாரம் ஒரு பக்கம் போதும். காய்ச்சல் கண்டோர், வயிற்றுப்போக்கு கண்டோர், பரிசோதனைக்குச் சென்றோர், நோய் உறுதியானோர், மரணம் என்று ஐந்து கட்டங்கள். வார்டு வாரியாக எண் மட்டும் எழுதுங்கள். பெயர் எழுத வேண்டா. பெயர் வெளிவந்தால் அடுத்த வீட்டுக்காரர் சுகாதார ஊழியருக்குக் கதவு திறக்கமாட்டார். கிராம சுகாதார செவிலியரையும் சுகாதார ஆய்வாளரையும் வாரம் ஒருமுறை சந்தித்து, அவர்கள் கணக்கோடு உங்கள் கணக்கை ஒப்பிடுங்கள். ஒரே தெருவில் ஒரே வாரத்தில் பலருக்குக் காய்ச்சல் என்றால் மறுநாள் வரை பொறுக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சொல்லுங்கள். உறுப்பினர்கள் தத்தம் வார்டில் நேரும் மரணம் ஒவ்வொன்றும் 21 நாட்களுக்குள் பதிவானதா என்று விசாரியுங்கள். கிராம சபைக் கூட்டத்தில் வரவு செலவைப் படிப்பது போல இந்தக் கணக்கையும் படித்துக் காட்டுங்கள்.

கொரோனா அவசர நிலை முடிந்ததென்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5-இல் அறிவித்தது. ஆனால் டெங்குவும் வயிற்றுப்போக்கும் எலிக் காய்ச்சலும் நம்மை விட்டுப் போகவில்லை. இவற்றிற்கும் இதே நோட்டுப் புத்தகம் உதவும். சென்ற ஆண்டு எந்த வாரத்தில், எந்தத் தெருவில் காய்ச்சல் தொடங்கியது என்று தெரிந்த பஞ்சாயத்து, இந்த ஆண்டு அதற்கு முந்திய வாரமே அந்தத் தெருவின் தண்ணீர்த் தொட்டிகளைக் கழுவி வைக்கும்.

மாவட்ட அறிக்கையில் நம் ஊருக்கு வரி இல்லையே என்று குறைப்பட வேண்டாம். அந்த வரியை எழுத வேண்டியவர்கள் நாமே.