பெண்ணைக் கேட்டீர்களா?

(வானொலி மறையுரை)



ஜூலை 17, போலந்து நாட்டின் அரசியான புனித யாத்விகா இறைவனடி சேர்ந்த நாள். நம் ஊர்களில் அதிகம் அறியப்படாத புனிதை. ஆனால் பெண் பிள்ளைகளைப் பெற்ற ஒவ்வொருவரும் அவரது திருமணக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

யாத்விகாவின் தந்தை லூயிஸ், ஹங்கேரிக்கும் போலந்துக்கும் மன்னர். அவர் 1382இல் இறந்தார். 1384 அக்டோபர் 16 அன்று கிராக்கோவ் நகரில் யாத்விகாவுக்கு முடிசூட்டினார்கள். அப்போது அவருக்கு வயது 10 அல்லது 11. ஆஸ்திரிய அரச குடும்பத்து வில்லியமுக்கு அவரைக் கொடுப்பதாகச் சின்ன வயதிலேயே பேசி முடித்திருந்தார்கள். ஆனால் போலந்துப் பிரபுக்களின் கணக்கு வேறு. வடக்கே டியூட்டானிக் வீரத்துறவியரின் படை மிரட்டிக்கொண்டிருந்தது. அதை எதிர்க்க லித்துவேனியாவின் துணை வேண்டும். அதற்கு வழி, லித்துவேனியாவின் பெருங்கோமகன் யோகைலாவுக்குப் பெண் கொடுப்பது.

யோகைலா வயதில் மிக மூத்தவர், கிறிஸ்தவரும் அல்ல. அவரது சித்தப்பா கெஸ்டூட்டிஸ் 1382இல் யோகைலாவின் சிறையில் இருந்தபோது இறந்தார். யோகைலாவே ஆள்வைத்துக் கொன்றுவிட்டார் என்று ஊர் பேசியது. அப்படிப்பட்டவரோடுதான் 1385 ஆகஸ்டில் ஒப்பந்தம் எழுதப்பட்டது. வில்லியம் தரப்புக்கு இழப்பீடாக 2,00,000 பொற்காசுகள் தருவதாகவும் அதில் எழுதினார்கள். ஒரு சிறுமியின் வாழ்க்கையைக் கொடுக்கல் வாங்கலாக எழுதி முடித்துவிட்டார்கள்.

தம்மைப் பார்க்க வந்த வில்லியமைக் கோட்டைக்குள் விடவில்லை என்பதால், யாத்விகா கோடரி எடுத்துக் கதவை உடைக்கப் போனாராம். யோகைலா எப்படிப்பட்ட மனிதர் என்று பார்த்துவர, நம்பிக்கையான ஒருவரை அனுப்பினாராம். பிறகு பேராலயத்தில் சிலுவையின் முன்னால் நெடுநேரம் மன்றாடிய பின்னரே சம்மதித்தாராம். இவை போலந்து மக்கள் வழிவழியாகச் சொல்லிவருபவை. 1386 பிப்ரவரி 15 அன்று யோகைலா திருமுழுக்குப் பெற்றார். பிப்ரவரி 18 அன்று திருமணம் நடந்தது. மறு ஆண்டே லித்துவேனிய மக்கள் திருமுழுக்குப் பெறத் தொடங்கினார்கள்.

அன்பர்களே, இந்தக் கதையைக் கேட்டதும், “பார்த்தீர்களா, பெரியவர்கள் முடித்துவைத்த திருமணத்தால் எவ்வளவு நன்மை!” என்று சொல்லத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். கோணல் கோடுகளிலும் கடவுள் நேராக எழுத வல்லவர்தான். அதற்காகக் கோணலாகக் கோடு போட்டவர்களைப் பாராட்ட முடியாது. 1997 ஜூன் 8 அன்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் கிராக்கோவில் யாத்விகாவைப் புனிதராக அறிவித்தார். அந்த உயர்வு, அவரை வைத்துப் பேரம் பேசியவர்களுக்கு உரியதல்ல. தமக்குக் கிடைத்த வாழ்வை அவர் என்ன செய்தார் என்பதற்கே அது உரியது.

அவர் செய்தது என்ன? அரசரின் ஆள்கள் ஏழைக் குடியானவர்களின் மாடுகளைப் பிடித்துச் சென்றபோது, அரசி தலையிட்டு அவற்றைத் திருப்பிக் கொடுக்கச் செய்தார். மாடுகளைத் திருப்பிவிட்டாலும் அவர்கள் சிந்திய கண்ணீரைத் திருப்ப முடியாதே என்று அவர் வருந்தியதாகச் சொல்வார்கள். தம் நகைகளைக் கிராக்கோவ் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்தார். 1399இல் மகளைப் பெற்றார். சில நாள்களில் குழந்தை இறந்தது, அவரும் இறந்தார். அவரோடு கல்லறையில் வைத்திருந்த செங்கோல் பொன்னாலானதல்ல, வெறும் மரம்.

இப்போது நம் வீடுகளுக்கு வருவோம். “பெரிய இடம். ஊரே அவங்க பேச்சைக் கேட்கும். பையனுக்குக் கொஞ்சம் கோபம் வரும், ஒரு கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும்.” இப்படிச் சொல்லிப் பெண்ணைக் கொடுக்கிறவர்கள் நம் பங்குகளில் இல்லையா? கடனுக்காக, நிலத் தகராறு தீர்வதற்காக, செல்வாக்குக்காகப் பேசப்படும் சம்பந்தங்கள் இல்லையா? ஒருவனுடைய முரட்டுக் குணத்தைத் திருத்தும் மருந்தாக உங்கள் மகளைக் கடவுள் படைக்கவில்லை.

தொடக்கநூல் 24ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். ஈசாக்குக்கு ரெபேக்காவைக் கொடுப்பதாகப் பெரியவர்கள் பேசி முடிக்கிறார்கள். ஆனாலும் புறப்படும் நேரத்தில் ரெபேக்காவை அழைத்து, “இவரோடு போகிறாயா?” என்று அவரிடமே கேட்கிறார்கள். அவர் “போகிறேன்” என்ற பிறகுதான் அனுப்புகிறார்கள். நம் திருச்சபைச் சட்டமும் இதையே சொல்கிறது. மணமக்களின் சம்மதமே திருமணத்தை உருவாக்குகிறது, அதை வேறெவரும் அவர்களுக்காகத் தர முடியாது (எண் 1057). வற்புறுத்தலாலோ பெரும் அச்சத்தாலோ செய்யப்பட்ட திருமணம் செல்லாது (எண் 1103). பீடத்தின் முன் குருவானவர் முதலில் மணமக்களின் முழுச் சுதந்திரத்தைப் பற்றிக் கேட்பது சடங்குக்காக அல்ல. ஓலை எழுத வரும்போது, பெண்ணைத் தனியாகப் பங்குத்தந்தையிடம் பேச விடுங்கள். பக்கத்தில் நின்று நீங்கள் பதில் சொல்லாதீர்கள்.

ஏற்கெனவே இப்படி ஒரு வீட்டில் வாழ்க்கைப்பட்டு, அடிக்கும் பயத்துக்கும் நடுவில் இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் சகோதரியே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பொறுமை புண்ணியம்தான். அடி வாங்குவது புண்ணியமல்ல. உங்களுக்கோ பிள்ளைகளுக்கோ ஆபத்து என்றால் விலகி வாழத் திருச்சபை அனுமதிக்கிறது (எண் 1153). அதைப் பாவம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். பெற்றோரே, அப்படித் திரும்பி வரும் மகளுக்குக் கதவைத் திறந்து வையுங்கள்.

இன்று இரவு குடும்ப செபம் முடிந்ததும், திருமண வயதில் பிள்ளை உள்ளவர்கள் அவரை அருகில் உட்காரவைத்து, “உனக்கு உண்மையிலேயே சம்மதமா?” என்று கேளுங்கள். “இல்லை” என்று சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு என்பதைப் புரியவைத்துவிட்டுக் கேளுங்கள்.

புனித யாத்விகாவே, எங்கள் பெண் பிள்ளைகளுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.