மூணு மாசம் சொல்லாதேன்னா, டாக்டர்கிட்டயுமா?

நடுவுல சத்தம் கேட்டா பொறுத்துக்குங்க. எங்க வீடு மந்தைவெளியில, மெட்ரோ வேலை நடக்கிற ரோட்டுக்குப் பக்கத்துத் தெரு. ஜன்னலைச் சாத்தினாலும் உள்ளே வந்துடும். வேற சத்தம் வந்தா அது என் பையன். நாலு மாசம் ஆகுது. இன்னைக்கு அவன் வந்த கதையைத்தான் பேசப் போறேன். ஆனா அதுக்கு முன்னாடி அவன் அக்கா வந்த கதையைச் சொல்லணும்.

மூத்தவளுக்கு இப்போ அஞ்சு வயசு. அவ வயித்துல இருந்தப்போ, ஏழு மாசம் தாண்டினதும் கால் வீங்குச்சு, முகம் உப்புச்சு, மோதிரத்தைக் கழட்ட முடியல. பார்த்தவங்க எல்லாரும் "பிள்ளைத்தாய்ச்சிக்கு வீங்கத்தான் செய்யும்"னாங்க. 33-ஆவது வாரத்துல ஒரு நாள் காலையிலிருந்தே தலைவலி. சாயங்காலம் விலா எலும்புக்குக் கீழே வலது பக்கம் ஒரு வலி. வாய்வுன்னு நினைச்சு சீரகத் தண்ணி குடிச்சேன். ராத்திரி ட்யூப்லைட்டைப் பார்த்தா அதைச் சுத்தி மின்மினிப்பூச்சி மாதிரி என்னவோ பறக்குது.

மாடி வீட்டு அக்கா, அவங்க மாமியாருக்கு வாங்கி வச்சிருந்த பி.பி. மெஷினோட இறங்கி வந்தாங்க. 164/112. மெஷின் ரிப்பேர்னு நினைச்சு என் வீட்டுக்காரர் கையில கட்டிப் பார்த்தோம். அவருக்கு 118/76. அப்புறம்தான் ஆட்டோ தேடி ஓடினோம்.

அதுக்குப் பேரு ப்ரீ-எக்லாம்ப்சியா. கர்ப்பத்துல 20 வாரத்துக்கு அப்புறம் ரத்த அழுத்தம் 140/90 அல்லது அதுக்கு மேல போகும். கூடவே சிறுநீர்ல புரதம் போகும், இல்லன்னா கல்லீரல், சிறுநீரகம் மாதிரி வேற உறுப்பு பாதிக்கப்படும். முத்திப்போனா வலிப்பு. அது வராம இருக்க எனக்கு மெக்னீசியம் சல்பேட் போட்டாங்க. உடம்புக்குள்ள யாரோ அடுப்பைப் பத்தவச்ச மாதிரி ஒரு சூடு. அந்த மருந்து வலிப்பு வர்ற ஆபத்தைப் பாதிக்கும் மேல குறைக்குதுன்னு 2002-ல வந்த 'மேக்பை' ஆய்வு காட்டியிருக்கு. இதெல்லாம் நான் அப்புறமா படிச்சது. அன்னைக்கு எனக்குத் தெரிஞ்சது அந்தச் சூடு மட்டும்தான்.

குழந்தை 1.6 கிலோ. 19 நாள் என்.ஐ.சி.யூ. வீட்டுக்கு வரும்போது கையில ஒரு ஃபைல் குடுத்தாங்க. அடுத்த குழந்தைன்னு ஒண்ணு வந்தா என்ன பண்ணணும்னு நான் கேட்கல. அவங்களும் சொல்லல. ஃபைல் பீரோவுக்கு அடியில போயிடுச்சு.

நாலு வருஷம் கழிச்சு, மறுபடி ரெண்டு கோடு. சந்தோஷம் வர்றதுக்கு முன்னாடி எனக்கு அந்த ட்யூப்லைட்தான் ஞாபகம் வந்துச்சு. அம்மாவுக்குப் போன் பண்ணினேன். வழக்கமா சொல்றதைத்தான் சொன்னாங்க: "மூணு மாசம் முடியட்டும், யார்கிட்டயும் மூச்சு விடாதே." இந்தப் பழக்கத்தைக் கிண்டல் பண்ண எனக்கு மனசு வராது. முதல் மூணு மாசத்துல கரு கலைஞ்சா, ஊருக்கெல்லாம் பதில் சொல்லிட்டு நிக்கக் கூடாதேங்கிற அக்கறை அதுல இருக்கு. ஆனா நான் அதையே சாக்கா வச்சு டாக்டர்கிட்டயும் போகல. உண்மையைச் சொன்னா, போனா என்ன சொல்லிடுவாங்களோன்னு பயம்.

ஒன்பதாவது வாரம். மாடிக்குப் போய், "அக்கா, அந்த மெஷினை ரெண்டு நாள் குடுங்க, சும்மாத்தான்"னேன். அவங்க என் முகத்தையே பார்த்தாங்க. "எத்தனை வாரம்?" அவ்வளவுதான் கேட்டாங்க. மறுநாள் காலையில அவங்களே கூட வந்தாங்க.

புது டாக்டர் முதல்ல கேட்டது அந்தப் பழைய ஃபைலைத்தான். முழுசா படிச்சுட்டு ஒரு பேப்பர்ல கர்ப்பப்பை படம் வரைஞ்சாங்க. நஞ்சுக்கொடிக்கு ரத்தம் கொண்டு போற குழாய்கள், முதல் சில மாசத்துலதான் நல்லா அகலமாகணும். அது சரியா நடக்கலன்னா, ரத்தம் பத்தாத நஞ்சுக்கொடியிலிருந்து வர்ற பொருட்கள் அம்மாவோட ரத்தக் குழாய்களைக் கெடுக்கும். நமக்கு பி.பி. ஏறுறது 30 வாரத்துல. ஆனா விதை விழுறது நாம யாருக்கும் சொல்லாம ஒளிச்சு வச்சிருக்கிற அந்த மாசங்கள்ல. அதனாலதான் குறைஞ்ச அளவு ஆஸ்பிரினை 12 வாரத்தை ஒட்டி, 16-க்குள்ள ஆரம்பிக்கறாங்க. 2017-ல வந்த 'ஆஸ்ப்ரே' ஆய்வுல, ஆபத்து அதிகம்னு கண்டுபிடிச்ச பெண்களுக்கு தினமும் ராத்திரி 150 மில்லிகிராம் குடுத்தாங்க. 37 வாரத்துக்கு முன்னாடியே பிரசவம் பார்க்க வேண்டி வர்ற ப்ரீ-எக்லாம்ப்சியா 4.3 சதவீதத்திலிருந்து 1.6 ஆச்சு. தயவுசெஞ்சு நீங்களா வாங்கிப் போடாதீங்க, எல்லாருக்கும் ஒத்துக்காது.

பாருங்க, நம்ம அரசாங்கத்தோட முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துக்குக்கூட 12 வாரத்துக்குள்ள பதிவு பண்ணச் சொல்றாங்க. வீட்ல 12 வாரம் வரைக்கும் வாயைத் திறக்காதேங்கறாங்க.

"திரும்ப வருமா டாக்டர்?" கேட்டுட்டேன். ஒரு தடவை வந்தவங்கள்ல பொதுவா ஆறுல ஒருத்தருக்கு, என்னை மாதிரி 34 வாரத்துக்கு முன்னாடியே பிரசவம் ஆனவங்கள்ல மூணுல ஒருத்தருக்குத் திரும்ப வரலாம்னாங்க. வீட்டுக்காரர் "அப்போ மூணுல ரெண்டு பேருக்கு வராதுல்ல"ன்னார். எனக்கு அந்த ஒருத்தர் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிஞ்சாங்க. மெடிக்கல் ஷாப்ல சீட்டைப் பார்த்துட்டு, "வீட்ல யாருக்கு ஹார்ட் ப்ராப்ளம்?"னு கேட்டார் கடைக்காரர். எனக்குத்தான்னு சொல்லிட்டு வந்துட்டேன். ஒரு விதத்துல அதுவும் பொய்யில்ல.

அப்புறம் மெஷின் பைத்தியம் பிடிச்சுது. சொந்தமா ஒண்ணு வாங்கினோம். ஒரு நாள் ராத்திரி பதினோரு தடவை பார்த்தேன். பயத்துல ஏறும், ஏறினதைப் பார்த்து இன்னும் ஏறும். டாக்டர் நோட்டைப் புரட்டிட்டு கணக்கு போட்டுக் குடுத்தாங்க: காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. அஞ்சு நிமிஷம் சும்மா உட்காரணும். முதுகு சாஞ்சிருக்கணும், கால் மேல கால் போடக் கூடாது, கை நெஞ்சு உயரத்துல இருக்கணும், பேசக் கூடாது. 140/90 காட்டினா பதினஞ்சு நிமிஷம் கழிச்சு மறுபடி பார்க்கணும். அப்பவும் அப்படியே இருந்தா போன். 160/110-ன்னா போன் பண்ணிட்டு நிக்காம நேரா கிளம்பணும். விடாத தலைவலி, கண்ல பூச்சி, மேல் வயித்து வலி, குழந்தை அசைவு குறையறது, இதுல எது வந்தாலும் மெஷின் என்ன சொன்னாலும் கிளம்பணும். "மத்த நேரம் மெஷின் எங்கேன்னே உங்களுக்குத் தெரியக் கூடாது." அத்தை அதை அரிசி டிரம்முக்குள்ள வச்சுட்டாங்க. நேரத்துக்கு அவங்களே எடுத்துக் குடுப்பாங்க.

அத்தையோட ஒரே சண்டை ஊறுகாய்க்குத்தான். உப்பைக் குறைச்சா இது வராதுன்னு அவங்க எண்ணம். வீட்ல அப்பளம்கூட பொரிக்கல. உப்பைக் குறைக்கறதால ப்ரீ-எக்லாம்ப்சியாவைத் தடுக்க முடியாதுன்னு டாக்டர் சொன்ன பிறகுதான் மாவடு ஜாடி வெளியே வந்துச்சு. பயன்படுறது கால்சியம், நம்மள மாதிரி சாப்பாட்டுல அது குறைவா இருக்கறவங்களுக்கு. பெங்களூருவுலயும் தான்சானியாவுலயும் நடந்து 2024-ல வெளிவந்த ஆய்வு, தினமும் 1500 மில்லிகிராமுக்கு பதிலா 500 குடுத்தாலும் ப்ரீ-எக்லாம்ப்சியா விஷயத்துல பலன் குறையலன்னு காட்டுச்சு. அதாவது மூணு மாத்திரைக்கு பதிலா ஒண்ணு.

தூக்கம் வராத ராத்திரிகள்ல அல்லிசன் ஃபீலிக்ஸைத் தேடிப் படிப்பேன். அமெரிக்க ஓட்டக்காரங்க. 2018-ல கடுமையான ப்ரீ-எக்லாம்ப்சியா, 32 வாரத்துல ஆபரேஷன். டோக்கியோ ஒலிம்பிக்ல மெடல் வாங்கினதை எல்லாரும் சொல்வாங்க. எனக்கு முக்கியமா பட்டது, 2024-ல அவங்களுக்கு இன்னொரு குழந்தை பிறந்ததுதான்.

33-ஆவது வாரம் முழுக்க நான் யார்கிட்டயும் சரியா பேசல. ஞாயித்துக்கிழமை காலையில வீட்டுக்காரர் ஸ்கூட்டரை எடுத்துட்டுப் போய், எந்தத் தெருவை மெட்ரோக்காரங்க அடைச்சிருக்காங்கன்னு பார்த்து, ஆஸ்பத்திரிக்கு ரெண்டு வழி எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டினார். அந்த வாரம் போச்சு. 36-ல 144/92. பதினஞ்சு நிமிஷம் கழிச்சும் அதேதான். அழுகை வரல, ஆச்சரியமா இருந்துச்சு. போன் பண்ணினேன், போனேன், மாத்திரை ஆரம்பிச்சாங்க. 37 முடிஞ்ச மறுநாள் பையன் பிறந்தான். 2.7 கிலோ. பிறந்த உடனே என் மேல போட்டாங்க. மூத்தவளை நான் முதல்ல பார்த்தது கண்ணாடி வழியா.

பிரசவத்துக்கு அப்புறமும் இது வரலாம், அதனால ஆறு வாரம் வரைக்கும் மெஷின் ஓடுச்சு. பிற்காலத்துல எனக்கு இதய நோய் வர்ற வாய்ப்பும் மத்தவங்களைவிட கூட. இனிமே வருஷா வருஷம் பார்க்கணும். அந்த ஃபைலை இப்போ பக்கம் பக்கமா போட்டோ எடுத்து போன்ல வச்சிருக்கேன். மாடி அக்காவோட மெஷினை இன்னும் திருப்பிக் குடுக்கல, அது வேற விஷயம். கேட்குதா? எழுந்துட்டான். நான் போகணும்.