தூரதேசத்துக்கு ஒரு பொதி

கடல்கடந்து தொழில் பார்க்கும் பிள்ளைக்கு வீட்டிலிருந்து ஒரு பொதி அனுப்புவது நம்மவர்க்குப் புதிய வழக்கமன்று. புறப்படுகின்ற பயணியின் கையிலே மிளகாய்த்தூளையும் பலகாரத்தையும் கொடுத்து, 'இதை மட்டும் எப்படியாவது சேர்த்துவிடுங்கள்' என்று வேண்டாத தாயார் நம் நாட்டிலே அரியர். ஆயின், அப்பிள்ளை தொழில் பார்க்கும் இடம் போர் நிகழும் நாடாக இருந்தால் அந்தப் பொதியிலே எதை வைப்பது, எதைத் தவிர்ப்பது? இந்த வினாவுக்கு நான் முதலிலே தவறான விடை கண்டு, பின்னரே திருத்திக் கொண்டேன். அந்த அனுபவத்தையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒருநாள், பாடசாலை விட்ட வேளையில், ஒரு தாயார் என் அலுவலகத்துக்கு வந்தார். அவருடைய மகள் என்னிடம் கல்வி கற்றவள். தாதியாகப் பயிற்சி பெற்று, வெளிநாட்டு மருத்துவ உதவி நிறுவனம் ஒன்றின் சார்பிலே தென் சூடானில் அப்பொழுது பணியாற்றிக் கொண்டிருந்தாள். அவளுடன் வேலை செய்யும் வைத்தியர் ஒருவர் விடுமுறையில் கொழும்புக்கு வந்திருந்தார். திரும்பிச் செல்லும்போது ஐந்து கிலோ எடையுள்ள ஒரு பெட்டியைக் கொண்டு போக அவர் இசைந்திருந்தார். 'ஐயா, ஐந்து கிலோவுக்குள்ளே நான் என்னத்தை வைப்பேன்?' என்று அத்தாயார் கேட்டார்.

அவர் ஏற்கெனவே சில பொருள்களைச் சேர்த்து வைத்திருந்தார். கண்ணாடிப் போத்தலில் மாங்காய் ஊறுகாய், சொக்கலேற்றுப் பெட்டி, பொங்கலுக்கு உடுக்க ஒரு பட்டுச்சேலை. போதாக்குறைக்கு, அக்காள் காட்டு விலங்குகளைப் பார்த்து மகிழட்டுமென்று தம்பி வாங்கிய பைனாகுலர் ஒன்றும் இருந்தது. நானும் அவற்றையெல்லாம் நல்லனவென்றே சொல்லி, என் பங்குக்குப் பெரிய புத்தகமொன்றையும் சேர்த்தேன். அந்த அறிவீனத்துக்கு நான் நொண்டிச்சாட்டுச் சொல்லவும் முடியாது. ஏனெனில், பொதியை எதிர்பார்த்துக் கிடந்த ஊரிலேதான் நானும் வளர்ந்தவன்.

1990 களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்கள் அக்காலத்தை மறந்திருக்க மாட்டார்கள். பற்றரி, சவர்க்காரம், மண்ணெண்ணெய் முதலிய பல பொருள்கள் தடைகளினால் கிடைத்தற்கு அரியனவாயின. ஜாம் போத்தலிலே சிறிது எண்ணெய் விட்டு, திரியிட்டு, அந்த வெளிச்சத்திலே படித்துப் பரீட்சை எழுதிய தலைமுறை எங்களுடையது. அந்நாளிலே கிளாலிக் கடனீரேரியைப் படகிலே கடந்து வந்த உறவினர் ஒருவர், கொழும்பிலிருந்த மாமனார் தந்த பொதியைக் கொண்டுவந்தார். உள்ளே அழகிய கைக்கடிகாரம் ஒன்றும் இரண்டு சவர்க்காரக் கட்டிகளும் இருந்தன. கடிகாரம் ஐந்து மாதம் ஓடிப் பின் நின்றது. அதற்கு வேண்டிய சிறு பற்றரி ஊரிலே எங்குமில்லை. சவர்க்காரத்தையோ அம்மா நூலினாலே எட்டுத் துண்டாக அறுத்து, அயல்வீட்டாருக்கும் கொடுத்தார். மாமனார் விலை கொடுத்தது கடிகாரத்துக்கு. நாங்கள் அவரை வாழ்த்தியது சவர்க்காரத்துக்கு. இதனை அறிந்திருந்தும் நான் மறந்துபோனேன்.

தென் சூடானைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். அந்நாடு 2011 ஆம் ஆண்டு யூலை மாதம் 9 ஆந் திகதி சுதந்திரம் பெற்றது. 2013 ஆம் ஆண்டு டிசெம்பரில் உள்நாட்டுப் போர் மூண்டது. 2018 ஆம் ஆண்டிலே சமாதான உடன்படிக்கை கைச்சாத்தான பின்னரும் பல இடங்களில் மோதல்கள் ஓயவில்லை. நம் நாட்டுக்கும் அதற்கும் ஒரு தொடர்பு உண்டு. ஐக்கிய நாடுகளின் அமைதிப் பணியின் கீழ், போர் என்னும் நகரிலுள்ள வைத்தியசாலையொன்றில், 2014 ஆம் ஆண்டு முதல் இலங்கை இராணுவ மருத்துவ அணிகள் முறைமுறையாகச் சென்று பணியாற்றின. அந்நகரின் பெயரே போர் என்பதைக் கேட்டு என் மாணவர் வியப்பதுண்டு.

அந்நாட்டிலே மழைக்காலம் ஏறக்குறைய மே மாதம் தொடக்கம் ஒக்ரோபர் வரை நீளும். கரிய களிமண் நிலம் சேறாகிவிடும். வண்டிகள் செல்லமாட்டா. தலைநகரான யூபாவிலிருந்து சிறு விமானத்திலேதான் உள்ளூர் நிலையங்களுக்குச் செல்ல வேண்டும். அவ்விமானங்களில் ஒவ்வொரு கிலோவையும் நிறுத்தே ஏற்றுவர். ஆகவே, கொழும்பிலே கனமில்லாத பொதி யூபாவிலே கனமானதாகிவிடும்.

பெட்டி சென்று சேர்ந்த செய்தி மூன்று வாரங்களின் பின் வந்தது. ஊறுகாய்ப் போத்தல் உடைந்து சேலை முழுவதும் எண்ணெய். சொக்கலேற்று உருகிக் குழம்பாயிற்று. பைனாகுலரைக் கண்ட சோதனைச் சாவடியினர் அந்த வைத்தியரை இரண்டு மணி நேரம் நிறுத்தி விசாரித்தார்கள். என் புத்தகம் யூபாவிலேயே தங்கிவிட்டது. 'சேர், உங்கள் அன்பு வந்து சேர்ந்தது. பொருள்தான் சேரவில்லை' என்று எழுதியிருந்தாள். அவளுடைய நகைச்சுவை எனக்கு நாணத்தைத் தந்தது. எங்கள் ஆசைக்காக ஒரு வைத்தியர் ஆயுதமேந்தியவர் முன்னே நின்றாரே என்பது அதனினும் பெரிய வருத்தம்.

அதன் பின்னர், இத்துறையிலே முன்னோர் செய்தவற்றைத் தேடிப் படித்தேன். 1914 ஆம் ஆண்டு, முதலாம் உலகப் போர் தொடங்கிய வருடத்திலே, பதினேழு வயதினளான பிரித்தானிய இளவரசி மேரியின் பெயரால் நிதி திரட்டி, போர்வீரருக்குப் பித்தளைப் பெட்டியில் நத்தார்ப் பரிசு அனுப்பினர். புகைப்போருக்குப் புகையிலையும், புகைக்காதவருக்குக் கடதாசியும் பென்சிலும் வைத்தனர். இந்தியப் படையினரிற் சீக்கியருக்குப் புகையிலையை விலக்கி, கற்கண்டும் வாசனைத் திரவியமும் வைத்தனர். பெறுபவர் யாவரென்று எண்ணிப் பார்த்த பின்னரே பெட்டியை நிரப்பினார்கள்.

இரண்டாம் உலகப் போரின் பின், 1945 ஆம் ஆண்டு நவம்பரில், அமெரிக்காவிலே 22 அமைப்புகள் ஒன்றுகூடிக் 'கெயார்' என்னும் நிறுவனத்தைத் தொடங்கின. பத்து டொலர் செலுத்துவோரின் பெயரால் ஐரோப்பாவிலே பசித்திருந்த குடும்பத்துக்கு உணவுப் பொதி சென்றது. முதற் பொதிகள் 1946 ஆம் ஆண்டு மே மாதம் பிரான்சின் லெ ஆவ்ர் துறைமுகத்தில் இறங்கின. நான்கு மாதத்துக்குள் உரியவரிடம் சேர்க்கப்படும் என்பது அந்நிறுவனம் அளித்த உறுதி. பொதியின் உள்ளே இருப்பதைப் போலவே, அது செல்லும் வழியும் முக்கியமென்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

அடுத்த பெட்டிக்கு முன் நாங்கள் அவளிடமே கேட்டோம். அவள் அனுப்பிய பட்டியலைக் கண்டு தாயார் ஏமாற்றமடைந்தார். அதிலே விலையுயர்ந்த பொருள் ஒன்றேனும் இல்லை. இனி அதனை வகைப்படுத்திச் சொல்கிறேன்.

முதலாவது வெளிச்சம். மின்பிறப்பாக்கி இரவிலே நிறுத்தப்படும். நெற்றியிலே கட்டிக் கொள்ளும் சிறு ரோச்லைற் ஒன்று இருந்தால் இரு கைகளும் வேலைக்கு உதவும். ஆனால் உதிரியான இலிதியம் பற்றரிகளையும், கைத்தொலைபேசிக்கு மின்னேற்றும் பற்றரிகளையும் விமானத்தின் சரக்கறைக்குச் செல்லும் பெட்டியில் வைத்தல் ஆகாது. பயணி கையிற் கொண்டு செல்லும் பையிலேதான் வைக்கவேண்டும். இது தீ விபத்தைத் தடுப்பதற்கான விதி.

இரண்டாவது உடலுக்கு வேண்டியவை. விரைவில் உலரும் மெல்லிய பருத்தித் துவாய், பருத்திக் காலுறை, ஊசியும் நூலும், நகம் வெட்டி, உடுப்புக் கொழுவிகள். பெண்களாயின் மாதந்தோறும் வேண்டிய பொருள்களும் மிக அவசியம். மகள் இதனை எழுதவே கூசினாள். தாயார் கேட்கவே கூசினார். கடையில்லா ஊரிலே அந்தக் கூச்சத்தால் வரும் அல்லல் பெரிது. மருந்து வைப்பதாயின், அது வைத்தியரின் எழுத்துடன், வாங்கிய உறையிலேயே இருத்தல் வேண்டும். இங்கே சாதாரணமாக விற்கும் சில மாத்திரைகள் வேறு நாடுகளில் தடைசெய்யப்பட்டவையாய் இருக்கக்கூடும்.

மூன்றாவது உணவு. வெப்பத்தைத் தாங்குவதும், உடையாததும், ஒழுகாததும், சிறிதளவாலே சுவை தருவதும் எதுவோ அதுவே ஏற்றது. நம் பாட்டிமார் இதனை நன்கறிந்திருந்தார்கள். வறுத்திடித்த கறித்தூள், மோர்மிளகாய், பனங்கட்டி, பினாட்டு, புழுக்கொடியல், தேயிலை ஆகிய யாவும் குளிர்சாதனப் பெட்டி அறியாத காலத்து உணவுகள். அவரைப் பருப்பையும் சோற்றையும் நாள்தோறும் உண்பவருக்கு ஒரு தேக்கரண்டி கறித்தூள் ஊர்ச் சமையலறையை நினைவூட்டும். ஆயினும் விதைகளும் பச்சைக் காய்கறிகளும் வேண்டா, சுங்கத்தார் அனுமதியார். சவர்க்காரத்தை உணவின் அருகே வைத்தலும் ஆகாது. தேயிலை அம்மணத்தை ஏற்றுக் கொள்ளும்.

நான்காவது விலக்க வேண்டியவை. பைனாகுலர், படையினர் உடையை ஒத்த துணி, பறக்கும் ஒளிப்படக் கருவி, அரசியல் எழுத்துகள், நகை ஆகியவற்றை வைத்தலே கூடாது. சாதாரண வாழ்வில் தீங்கற்ற பொருள் சோதனைச் சாவடியிலே சந்தேகத்துக்குரியதாகும். அதற்கான தண்டனையைச் சுமப்பவர் அனுப்பிய நாமல்லர். பொதியின் உள்ளே இருப்பவற்றை ஒளிவின்றிப் பட்டியலிட்டு மேலே வைத்துவிடுங்கள். கொண்டு செல்பவர் அதனைத் திறந்து பார்க்க விரும்பினால் மனம் நோக வேண்டா.

ஐந்தாவது கடிதம். இக்காலத்திலே கடிதம் எதற்கென்று கேட்கலாம். தொலைபேசிக் கோபுரம் செயலிழந்த நாளிலே, மடித்து வைத்த தாளை மீண்டும் படிக்கலாம். கடிதத்தைப் பற்றியும் ஒரு தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முதற் பெட்டி போன வேளையிலே அவளுடைய தந்தையார் இருதய நோயினால் வைத்தியசாலையில் இருந்தார். 'அப்பா சுகம் என்றே எழுதுங்கள் ஐயா, அங்கே பிள்ளை தவிப்பாள்' என்று தாயார் கேட்டார். நானும் அவ்வாறே எழுதினேன். தந்தையார் தேறி வீடு திரும்பிய பின்னர், உறவினர் ஒருவர் தொலைபேசியில் வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

அவள் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஆயினும் இவ்வாறு எழுதினாள்: 'சேர், இனிமேல் வீட்டார் எல்லாரும் சுகம் என்று வரும் ஒவ்வொரு கடிதத்தையும் நான் சந்தேகத்தோடு படிக்க வேண்டியிருக்கிறது. இங்கே நோயாளியின் உறவினருக்குக் கசப்பான செய்தியைச் சொல்வது என் தொழில். எனக்கு அதைத் தாங்கத் தெரியாதென்று ஏன் நினைத்தீர்கள்?'

முப்பதாண்டுகளாய்ப் பிள்ளைகளுக்கு உண்மை பேசக் கற்பித்தவன் நான். அக்கடிதத்துக்குப் பதில் எழுத எனக்குப் பல நாளாயிற்று. பின்பு தாயாரிடம் சென்று, இனி உள்ளதை உள்ளபடி எழுதுவோம் என்றேன். அவர் முதலிலே அஞ்சினார். பின்னர் தந்தையாரின் மருந்து, கூரை ஒழுகியது, ஆடு குட்டி ஈன்றது, தம்பி கணிதத்திலே குறைந்த புள்ளி பெற்றது என யாவற்றையும் எழுதலானார். மகளுடைய பதில்கள் முன்னையினும் நீண்டு வந்தன. தம்பிக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தும் எழுதினாள்.

இரண்டாவது பெட்டி நாலரைக் கிலோ. எஞ்சிய அரைக் கிலோவை அந்த வைத்தியருக்கென விட்டோம். அவருக்கும் ஒரு தாயார் இருப்பாரல்லவா? அப்பெட்டி உடையாமற் சேர்ந்தது. கறித்தூளை உடன் வேலை செய்யும் கெனிய நாட்டுத் தாதியர் விரும்பி உண்டு, அடுத்த முறை கூடுதலாக அனுப்பும்படி கேட்டிருந்தனர்.

நேயர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளையோ அயலவரின் பிள்ளையோ இத்தகைய நாட்டிலே பணிபுரிந்தால், கடைக்குப் போகுமுன் அவரிடம் கேளுங்கள். கொண்டு செல்பவரின் பாதுகாப்பை எண்ணுங்கள். எடையை நிறுத்துப் பாருங்கள். மேலே வைக்கும் கடிதத்திலே வீட்டு நிலையை மறைக்காது எழுதுங்கள்.