கட்டிலின் நான்கு மூலைகள்

(மருத்துவமனை ஞாயிறு ஆராதனையில் நமது மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



இந்த ஆண்டில் எத்தனை நோயாளிகள் வந்தார்கள், என்ன கருவி வாங்கினோம் என்பதையெல்லாம் செயலாளர் தமது அறிக்கையில் வாசிப்பார். நான் என்னுடைய தவறு ஒன்றைச் சொல்லி ஆரம்பிக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாயார் தமது ஐந்து வயது மகனை நமது சிற்றாலயத்துக்கு அழைத்து வந்தார். பையன் பேசமாட்டான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டான். சுழலுகிற மின்விசிறியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். "ஐயா, இவனுக்காக ஜெபம் பண்ணுங்க" என்றார். நானும் வழக்கப்படி அவன் தலைமேல் கையை வைத்து உரத்த சத்தமாய் ஜெபித்தேன். அவன் அலறிக்கொண்டு கீழே விழுந்து தரையில் தலையை மோதினான். பின்னாலிருந்து ஒருவர், "பிசாசு ஓடுது ஐயா, விடாதீங்க" என்றார். நானும் விடவில்லை. அந்தத் தாயார் பிள்ளையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனார். ஓராண்டு காலம் இந்தப் பக்கமே வரவில்லை.

அவனுக்கு இருப்பது ஆட்டிசம் என்று பிற்பாடு நமது குழந்தை மருத்துவர் எனக்கு விளக்கினார். இப்படிப்பட்ட பிள்ளைகளில் பலருக்கு எதிர்பாராமல் தொட்டால் தாங்காது; உரத்த சத்தமும் தாங்காது. குக்கர் விசிலுக்கே காதைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். நான் இரண்டையும் ஒன்றாகச் செய்திருந்தேன்!

அரசாங்கத் தாள்களில் இவர்களைப் 'புற உலகச் சிந்தனையற்றவர்கள்' என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை. ஆலயத்தின் ஆறு மின்விசிறிகளில் எது ஆடுகிறது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பிரசங்கம் செய்யும் எனக்குத் தெரியவில்லை.

இது ஏன் வருகிறது? மூளையின் வளர்ச்சியில் உண்டாகும் வேறுபாடு இது. பரம்பரைக் கூறுகளுக்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால் நம் ஊரில் முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏறுகிறவள் தாய்தான். வேலைக்குப் போனாள், செல்போனைக் கொடுத்தாள், கிரகணத்தில் வெளியே வந்தாள். படித்தவர்களும் இதற்கு விலக்கல்ல. 1943-ல் லியோ கேனர் என்ற மருத்துவர் அமெரிக்காவில் பதினொரு பிள்ளைகளைப் பற்றி எழுதி இந்நிலைக்குப் பெயர் கொடுத்தார். அதன்பின் பல ஆண்டுகள், அன்பில்லாத தாய்மாரால்தான் இது வருகிறது என்று அங்கே நிபுணர்களே போதித்தார்கள். 1964-ல் பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலார் அது தவறு என்று புத்தகம் எழுதினார். அவரும் இப்படி ஒரு மகனைப் பெற்ற தகப்பன். பிறவிக்குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, ஆண்டவர் அந்தக் கேள்வியையே தள்ளிவிட்டார். நாம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

அந்தத் தாயாரைத் திரும்ப அழைத்து வந்தது நானல்ல. நமது மருத்துவமனையில் செவிலியராயிருந்து ஓய்வுபெற்ற ஒரு அம்மா அவர் வீட்டைத் தேடிப் போனார். புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. திண்ணையில் பையனுக்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். "நீ போய்த் தலைக்குக் குளிச்சிட்டு வாம்மா, நான் இவன்கூட இருக்கேன்" என்றார், அவ்வளவுதான். அவசரமில்லாமல் தலைக்குக் குளித்து இரண்டு வருஷமாகிறது என்று சொல்லி அந்தப் பெண் அழுதாராம்.

திமிர்வாதக்காரனை நாலுபேர் சுமந்து வந்ததை மாற்கு இரண்டாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். கூரையைப் பிரித்த விசுவாசத்தைப் பற்றிப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். ஒரு கட்டிலுக்கு நாலு மூலை உண்டென்பதையும், ஒருத்தி மாத்திரம் நாலையும் பிடிக்க முடியாதென்பதையும் நான் கவனித்ததில்லை.

இன்று வியாழக்கிழமைதோறும் சிற்றாலயத்தின் பின்னறையில் இத்தகைய தாய்மார் கூடுகிறார்கள். உங்கள் காணிக்கையால் பாய்களும், ஊஞ்சலும், தண்ணீர், சோறு, கழிப்பறை என்று காட்டிக் கேட்பதற்கான பட அட்டைகளும் வாங்கினோம். பேச்சுப் பயிற்சியாளர் பிள்ளைகளோடு இருக்கும்போது தாய்மார் ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிறார்கள். எந்தப் பள்ளி சேர்த்துக்கொண்டது, எந்த முடிவெட்டுகிறவர் பொறுமைசாலி என்பதெல்லாம் அங்கேதான் தெரியவருகிறது. ஒருவர் ஸ்டெம் செல் ஊசிக்காக நகையை அடகு வைக்க இருந்தார். தேசிய மருத்துவ ஆணையத்தின் வாரியம் அதை ஆட்டிசத்துக்குப் பரிந்துரைக்கவில்லை என்று 2022-ல் அறிவித்ததை மருத்துவர் எடுத்துச் சொல்லவே நகை தப்பியது. இதைக் குணமாக்கும் மருந்து கிடையாது. சிறுவயதிலேயே கொடுக்கும் பயிற்சி பிள்ளைக்கு மிகவும் உதவும். ஆகவே ஒரு வயதாகியும் பெயருக்குத் திரும்பாத, ஒன்றரை வயதாகியும் விரலால் சுட்டிக்காட்டாத பேரப்பிள்ளை இருந்தால், "இவன் அப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்று சொல்லிக் காலந்தாழ்த்தாதேயுங்கள்.

அந்த அறையில் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "எனக்குப் பிறகு இவனுக்கு யார்?" 1999-ம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, பதினெட்டு வயது கடந்தவர்களுக்கு மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு சட்டப்பூர்வமான பாதுகாவலரை நியமிக்கலாம். அதே அறக்கட்டளையின் நிராமயா திட்டத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடும் உண்டு. விண்ணப்பங்களை நமது சமூகப்பணியாளர் பூர்த்தி செய்து கொடுக்கிறார். ஆனால் பாதுகாவலராக எழுதுவதற்கு ஒரு பெயர் வேண்டுமே! அந்த இடத்தில் பேனா நின்றுவிடுகிறது.

பையனுக்கு இப்போது பதினோரு வயது. கதவோரத்துக் கடைசி பெஞ்சு அவனுக்கு. அவன் வருகிற ஆராதனையில் ஒலிபெருக்கியைக் குறைத்துவிடுகிறோம். (பெரியவர்கள் சிலர் கேட்கவில்லை என்று குறைப்பட்டார்கள், அவர்களை முன்னே வந்து உட்காரச் சொன்னேன்.) ஜெபத்தை நான் விட்டுவிடவில்லை. அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, மெதுவாக ஜெபிக்கிறேன். சென்ற மாதம் அவனாகவே என் கைக்கடிகாரத்தைத் தொட்டுப் பார்த்தான்.

இவ்வாண்டு இரண்டாவது பேச்சுப் பயிற்சியாளரின் சம்பளத்துக்கும், கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர்களுக்கு வேன் வாடகைக்கும் பணம் தேவைப்படுகிறது. காணிக்கை உறைகள் வாசலில் இருக்கின்றன. அதோடு, வியாழக்கிழமை பத்து மணி முதல் பன்னிரண்டு மணி வரை பிள்ளைகளோடு உட்கார நாலு பேர் வேண்டும். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் ஆராதனை முடிந்ததும் என்னைப் பாருங்கள். வரும்போது சென்ட் மட்டும் பூசிக்கொண்டு வராதேயுங்கள். சில பிள்ளைகளுக்கு ஆகாது.